பழைய டிராஃப்ட் டியூபைக் கணினியில் திருத்தலாமா?

கேள்வி: எங்கள் சிறு நீர்மின் நிலையத்தில் 12 மீட்டர் நீர்மட்ட உயரத்தில் பழைய கப்லான் டர்பைன் (இறக்கைகளின் சாய்வை மாற்றக்கூடிய நீர்ச்சுழலி) ஒன்று ஓடுகிறது. அதன் சுழலும் இறக்கைச் சக்கரமான ரன்னரை மாற்ற நிதி இல்லை. ரன்னரிலிருந்து நீரை வெளியே கொண்டுபோகும் விரியும் குழாயான டிராஃப்ட் டியூபின் வடிவத்தைச் சிமுலேஷன் (கணினிக் கணிப்பு) மூலம் திருத்தி உற்பத்தியைக் கூட்ட முடியுமா? மென்பொருள் தரும் விடையை எவ்வளவு நம்பலாம்?

பதில்: முடியும். உங்களுடையதைப் போன்ற தாழ்ந்த நீர்மட்ட நிலையங்களில்தான் டிராஃப்ட் டியூபின் பங்கு பெரியது. ரன்னரை விட்டு வெளியேறும் நீரின் வேகம் விநாடிக்கு 6 மீட்டர் என்று கொண்டால், அதில் அடங்கிய ஆற்றல் சுமார் 1.83 மீட்டர் உயரத்துக்குச் சமம். உங்கள் 12 மீட்டரில் அது ஏறத்தாழ 15 சதவீதம். குழாய் விரிந்து, வெளிவாயில் வேகம் விநாடிக்கு 2 மீட்டராகத் தணிந்தால், நீரோடு வெளியே போவது 0.2 மீட்டர்தான். மீதியில் உராய்வும் சுழிப்பும் தின்றது போக எஞ்சுவது, ரன்னருக்குக் கீழே அழுத்தத்தைத் தாழ்த்தி, உற்பத்தியாகத் திரும்பி வருகிறது.

நம்பிக்கையைப் பொறுத்தவரை, ஸ்வீடனின் ஹோல்லேஃபோர்சன் நிலையத்து அனுபவத்தை அவசியம் சொல்ல வேண்டும். அங்குள்ள கப்லான் டர்பைனின் டிராஃப்ட் டியூபை 1:11 மாதிரியில் அளந்து, 1999-இல் பல ஆய்வுக் குழுக்களிடம் ஒரே கணக்காகக் கொடுத்தபோது, விடைகள் வெகுவாகச் சிதறின. குழாயின் நுழைவாயிலில் நீரின் ஆரத்திசை வேகம் (மையத்திலிருந்து சுவரை நோக்கிய வேகம்) அளக்கப்படாததால் ஆளுக்கொன்றாக அனுமானித்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆகவே மென்பொருள் உரிமத்துக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியையாவது, ரன்னருக்குக் கீழே வேகத்தையும் சுழற்சியையும் சுவர் அழுத்தத்தையும் அளப்பதற்குச் செலவிடுங்கள் என்பதே என் உறுதியான ஆலோசனை.

சிறந்த வடிவத்தைத் தேடும் உகப்பாக்க நிரல், கணிப்பில் எங்கே பிழை இருக்கிறதோ அங்கேயே போய் நிற்கும் இயல்புடையது. நீரின் கொந்தளிப்பைக் கணிக்கும் வழக்கமான கே-எப்சிலான் மாதிரி, விரியும் குழாயில் நீர் சுவரைவிட்டுப் பிரிவதைத் தாமதமாகவே காட்டும்; எனவே நிரல் குழாயின் கூம்புப் பகுதியை மேலும் மேலும் அகலமாக்கிப் பெரிய லாபம் காட்டும், உண்மையிலோ அந்தக் கூம்பில் நீர் பிரிந்து சுழன்று ஆற்றலை வீணாக்கும். இப்போதுள்ள வடிவத்தை மூன்று மெஷ் (கணிப்புக்காக நீர்ப்பகுதியைப் பிரிக்கும் சிறு கட்டங்களின் வலை) அடர்த்திகளில் ஓட்டி, அளவீட்டோடு ஒப்பிட்ட பிறகே திருத்தத்தில் இறங்குங்கள். மெஷ்ஷை மாற்றினாலே விடை 1 சதவீதம் நகருமானால், 0.3 சதவீத முன்னேற்றத்துக்குப் பொருளில்லை.

கூம்பின் கோணம், வளைவின் ஆரம் போன்ற நான்கு மாறிகள் போதும். நாற்பது வடிவங்களைக் கணித்து, அவற்றின் மேல் ஒரு பதிலிப் பரப்பை (முழுக் கணிப்புக்குப் பதிலாக விடையை விரைவாக மதிப்பிடும் எளிய சூத்திரம்) பொருத்தி, அது காட்டும் சிறந்த வடிவத்தை மறுபடியும் முழுமையாகக் கணித்துப் பார்க்க வேண்டும். ஒரே சுமையில் மட்டும் திருத்தாமல், ஆண்டில் எந்தச் சுமையில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்ற பதிவேட்டைப் பார்த்து எடை கொடுங்கள். சுமைக்கேற்ப, ரன்னரிலிருந்து வரும் நீரின் சுழற்சியும் மாறும்.

கான்கிரீட் போடுமுன் இன்னொன்றையும் சரிபார்க்க வேண்டும். அழுத்த மீட்சி (நீரின் வேகம் குழாயில் அழுத்தமாக மாறுவது) கூடக்கூட ரன்னருக்குக் கீழே அழுத்தம் இறங்குவதால், கேவிட்டேஷன் (தாழ்ந்த அழுத்தத்தில் நீராவிக் குமிழிகள் தோன்றி உடைந்து உலோகத்தை அரிப்பது) அபாயம் ஏறும். அடுத்த பராமரிப்பு நிறுத்தத்தில் ரன்னர் இறக்கைகளின் வெளிவிளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். இப்போதே தேன்கூடு போல அரித்திருந்தால், வடிவத் திருத்தத்தின் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.