தூண்டில் கேள்வி பதில்: நரம்பு அறுந்தாலும் மீன் பிழைக்கணும்

கேள்வி: இதுவரை மிதவை போட்டுத்தான் கெண்டை பிடித்து வந்தேன். இப்போது நடுவில் துளை உள்ள ஈயக்குண்டு (இன்லைன் லெட்) வாங்கியிருக்கிறேன். தூண்டில் நரம்பு அறுந்துவிட்டால் மீன் அந்தக் குண்டை இழுத்துக்கொண்டே திரிந்து செத்துப்போகும் என்று நண்பர் பயமுறுத்துகிறார். உண்மையா?

பதில்: உண்மைதான். ஆனால் குற்றம் குண்டில் இல்லை, கட்டுகிற விதத்தில் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்னால் நான் கரையேற்றிய ஒரு கெண்டையின் உதட்டில் ஏற்கெனவே வேறு யாரோ போட்ட முள் இருந்தது, அதற்குப் பின்னால் இரண்டு முழம் நரம்பு, அந்த நரம்பில் குண்டு. ஏன் கழன்று விழவில்லை என்று பார்த்தால், குண்டுக்கு மேலே இரண்டு நரம்புகளை இணைத்துப் போட்ட ஒரு தடித்த முடிச்சு. துளைக்குள் நுழைய முடியாமல் அது குண்டைத் தடுத்து நிறுத்தியிருக்கிறது. அந்த மீனின் ஒரு பக்கச் செதில்கள் நரம்பு உரசி உரசித் தூக்கிக்கொண்டு நின்றன. அதைப் பார்த்த நாளிலிருந்து சோதித்துப் பார்க்காமல் நான் தூண்டிலை வீசுவதே இல்லை.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். நரம்பு குண்டின் ஒல்லியான வால் பக்கம் நுழைந்து, தடித்த பக்கம் வெளியே வந்து, ஸ்விவலில் (இரு முனையிலும் வளையம் உள்ள, சுழலும் சிறு உலோக இணைப்பு) கட்டப்படுகிறது. ஸ்விவலின் மறுமுனையில் முள் கட்டிய சிறு நரம்பு, ஒரு சாண் நீளம் போதும். அந்த ஸ்விவலைக் குண்டின் அடியில் இருக்கும் ரப்பர் குழியில் லேசாக அழுத்திச் செருகுகிறோம். கெண்டை இரையை உறிஞ்சிவிட்டு நகரும்போது 60 முதல் 110 கிராம் வரையிலான எடை திடீரென்று இழுத்துப் பிடிக்கும், முள் தானாகவே பதியும். இதற்காகத்தான் ஸ்விவல் குழியில் பிடித்து நிற்கிறது, ஆனால் அந்தப் பிடிப்பு அதற்கு மேல் தேவையில்லை. நரம்பு அறுந்து குண்டு எங்காவது சிக்கிக்கொண்டால், மீன் இழுத்த இழுப்பில் ஸ்விவல் வெளியே வந்து, மிச்ச நரம்பு முழுவதும் துளை வழியாக உருவிக்கொண்டு போய்விட வேண்டும். குண்டு அங்கேயே கிடக்கட்டும்.

அதனால் குண்டுக்கு மேலே மணி, நிறுத்தி, இணைப்பு முடிச்சு என்று துளையில் நுழையாத எதுவுமே இருக்கக் கூடாது. மீனின் உடம்பை நரம்பு அறுக்காமல் இருக்க, குண்டுக்கு மேலே அரை மீட்டருக்கு மெல்லிய ரப்பர் குழாய் மாட்டலாம், நரம்பு அதற்குள் தாராளமாக ஓடினால் சரி. ஸ்விவல் அளவிலும் கவனம் வேண்டும். பெரும்பாலான குண்டுகளின் குழிக்கு 8-ஆம் எண் ஸ்விவல் பொருந்தும். பெரியதைப் பலவந்தமாகத் திணித்தால் அப்புறம் வரவே வராது.

கட்டி முடித்ததும் சோம்பல் படாமல் இதைச் செய்யுங்கள்: குழாய்க்கு மேலே நரம்பைக் கத்தரித்துவிட்டு, ஒரு கையில் குண்டையும் இன்னொரு கையில் ஸ்விவலையும் பிடித்து மெதுவாக இழுங்கள். சுலபமாகக் கழன்று, நரம்பு தடையில்லாமல் முழுக்க உருவிக்கொண்டு வர வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்க வேண்டியிருந்தால் அந்தக் குண்டு வேண்டாம். தண்ணீரில் நனைத்தும் ஒரு முறை பாருங்கள். வீசி இழுக்கும் ஒவ்வொரு தடவையும் குழியில் மணல் ஏறும், துடைத்துவிட்டுத்தான் திரும்பச் செருக வேண்டும்.

இன்னொன்று, முள் கட்டும் நரம்பு பிரதான நரம்பைவிடப் பலம் குறைந்ததாக இருக்கட்டும். அறுந்தால் முதலில் அதுதான் அறுபடும், மீன் வெறும் முள்ளோடு தப்பிக்கும். பிரதான நரம்பின் கடைசி சில மீட்டர்களை அடிக்கடி நகத்தால் வருடிப் பாருங்கள், சொரசொரப்பு தட்டினால் அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.

கேள்வி: லெட்கோர் லீடர் (உள்ளே ஈயக்கம்பி ஓடும் பின்னல் நரம்புத் துண்டு) சேர்த்தால் இன்னும் நன்றாகக் கீழே படியும் என்கிறார்களே?

பதில்: படியும், மறுக்கவில்லை. ஆனால் நரம்பும் லீடரும் சேரும் இடம் தடித்துவிடும். மேலே சொன்ன அதே ஆபத்து, அதுவும் லீடர் சுலபத்தில் அறுபடாது. கெண்டை பிடிக்கிற பல ஏரிகளில் இதற்குத் தடையே உண்டு. இப்போதுதான் ஆரம்பிக்கிறீர்கள், குழாய் போதும்.

கேள்வி: பாசியும் சேறும் உள்ள இடத்தில் இதே குண்டைப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். சேற்றில் குண்டு புதையும்போது முள்ளையும் கூடவே உள்ளே இழுத்துக்கொண்டு போகும். அடர்ந்த பாசியில் குண்டை உடனே உதிர்த்துவிடும் கிளிப் அமைப்புதான் மீனுக்கு நல்லது. கெட்டியான, சரளைத் தரைக்கு இன்லைன் குண்டை வைத்துக்கொள்ளுங்கள்.