பெயர் யாருக்கு? ஆய்வுக்கட்டுரையும் ஆவணப்படமும்: கேள்வி பதில்

ஆவணப்பட எடிட்டிங்கில் 11 வருடம், அப்புறம் ஓர் ஆய்வு இதழின் ஆசிரியர் குழுவில் 9 வருடம் வேலை பார்த்தவள் நான். இரண்டு இடத்திலும் அதிகம் பார்த்த சண்டை ஒன்றுதான்: யார் பெயர் எங்கே வரவேண்டும். அதுபற்றி வந்த கேள்விகளுக்கு வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

ஆய்வு மாணவி: மேடம், மூன்று வருடம் களத்தில் தரவு சேகரித்தேன். கட்டுரையின் முதல் வரைவும் என்னுடையது. இப்போது நெறியாளர் தன் பெயர்தான் முதலில் வரவேண்டும் என்கிறார். என்ன செய்வது?

பதில்: எந்தத் துறை என்று நீங்கள் சொல்லவில்லை. அதைப் பொறுத்துத்தான் பதில். கணிதத்தில் பெயர்களை அகர வரிசையில் போடுவது வழக்கம். அங்கே முதல் பெயருக்குத் தனி மதிப்பு எதுவும் இல்லை. மருத்துவத்திலும் உயிரியலிலும் முதல் பெயர் வேலையைக் கையால் செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத்தை நடத்துபவருடையது. அங்கே நெறியாளருக்கு உரிய மரியாதையான இடம் கடைசிதான். களப்பணி என்று சொல்வதால் உங்களுடையது அகர வரிசைத் துறை இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு 4 நிபந்தனை வைத்திருக்கிறது. ஆய்வைத் திட்டமிடுவதிலோ தரவிலோ கணிசமான பங்கு. கட்டுரையை எழுதியது அல்லது உள்ளடக்கத்தை ஆழமாகத் திருத்தியது. இறுதி வடிவத்துக்கு ஒப்புதல். கட்டுரை முழுவதற்கும் பதில் சொல்லும் பொறுப்பு. நான்கில் ஒன்று இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, நான்கும் வேண்டும். நிதி வாங்கிக் கொடுத்தது மட்டும், பொதுவான மேற்பார்வை மட்டும் என்றால் அவருடைய இடம் நன்றியுரை.

நான்காவது நிபந்தனை 2013இல்தான் சேர்ந்தது. எனக்கு அதுதான் உயிர். ஒருமுறை எங்கள் இதழில் வந்த கட்டுரையில் மூன்றாம் அட்டவணையின் கூட்டல் பொருந்தவில்லை. ஆசிரியர்கள் ஆறு பேர், ஆறு பேருக்கும் எழுதினோம். நான்கு பேர் அந்தப் பகுதி தங்களுடையது அல்ல என்றார்கள். ஒருவர் பதிலே போடவில்லை. ஒரு மாணவர் மட்டும் தன் நோட்டின் பக்கங்களை ஸ்கேன் செய்து, தப்பு நடந்த வரியைப் பென்சிலால் வட்டமிட்டு அனுப்பினார். அவருடைய பெயர் பட்டியலில் ஐந்தாவது.

நீங்கள் செய்யவேண்டியது இது. யார் எதைச் செய்தார்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி, நெறியாளரிடம் காட்டிப் பேசுங்கள். பெயர் வரிசையைப் பற்றி வாதாட வேண்டாம், வேலையைப் பற்றிப் பேசுங்கள். மற்ற எல்லாருக்கும் சேர்த்து ஒரு எச்சரிக்கை: இந்தப் பக்கத்தை ஆய்வு தொடங்கும் நாளிலேயே எழுதிவிடுங்கள்.

உதவிப் பேராசிரியர்: என் ஹெச்-இண்டெக்ஸ் 8. இது போதுமா?

பதில்: எதற்குப் போதுமா? இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005இல் கொண்டுவந்த அளவு அது. 8 என்றால், உங்கள் கட்டுரைகளில் எட்டுக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 8 முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன. அவ்வளவுதான் அது சொல்லும். அந்த எட்டில் உங்கள் பங்கு என்ன என்று அந்த எண் கேட்பதே இல்லை. தனியாக எழுதினாலும் நாற்பது பேரோடு எழுதினாலும் அதற்கு ஒரே கணக்கு.

நூலக அறிவியல் மாணவர்: ஒரு கட்டுரைக்கு ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதை எப்படி எண்ணுகிறார்கள்?

பதில்: நல்ல கேள்வி. ஹிக்ஸ் போசான் என்ற அடிப்படைத் துகளின் நிறையை அளந்து 2015இல் வந்த கட்டுரைக்கு ஆசிரியர்கள் 5,154 பேர். மொத்தம் 33 பக்கம், அதில் ஆய்வு 9 பக்கம். மீதி 24 பக்கமும் ஆசிரியர்களும் அவர்களுடைய நிறுவனங்களும்தான். இதைக் கேலி செய்பவர்கள் உண்டு, நான் செய்யமாட்டேன். அதை அளந்த கருவிகளைக் கட்டி, வருடக்கணக்கில் ஓட்டி, தரவைச் சரிபார்த்த அத்தனை பேரும் இல்லாமல் அந்த ஒற்றை எண் கிடைத்திருக்காது.

எண்ணும் முறைகள் பல. முழு எண்ணிக்கையில் ஒவ்வொருவருக்கும் 1. பின்ன முறையில் மூன்று பேர் எழுதினால் ஆளுக்கு 1/3. இசை முறை (ஹார்மோனிக்) என்றும் ஒன்று உண்டு: முதல் பெயருக்கு 1, இரண்டாவதற்கு 1/2, மூன்றாவதற்கு 1/3 என்று வைத்து, மொத்தம் 1 ஆகும்படி சுருக்குவார்கள். மூன்று பேருக்கு 6/11, 3/11, 2/11 என்று வரும். அழகான கணக்கு. ஆனால் அகர வரிசைத் துறையில் இதைப் போட்டால், பெயரின் முதல் எழுத்துக்குத்தான் மதிப்பெண் கிடைக்கும். எந்த முறை என்று கேட்காமல் யாருடைய எண்ணையும் ஒப்பிடாதீர்கள்.

திரைப்பட ரசிகர்: ஆவணப்படத்தில் இந்தச் சிக்கலே இல்லையே? இயக்குநர்தானே ஆசிரியர்?

பதில்: சட்டத்திலேயே ஒற்றுமை கிடையாது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி திரைப்படத்தின் ஆசிரியர் தயாரிப்பாளர். ஐரோப்பிய ஒன்றியத்தில் முதன்மை இயக்குநர் கட்டாயம் ஆசிரியர்களில் ஒருவர். பிரிட்டனில் இருவரும் கூட்டாசிரியர்கள்.

இயக்குநரே ஆசிரியர் என்ற கோட்பாடு 1954இல் பிரெஞ்சு விமர்சகர் ட்ரூஃபோ எழுதியதிலிருந்து கிளம்பி, 1962இல் அமெரிக்க விமர்சகர் ஆண்ட்ரூ சாரிஸ் எழுதியதன் மூலம் ஆங்கிலத்தில் பரவியது. அவர்கள் பேசியது கதைப்படங்களைப் பற்றி. அங்கே திரைக்கதை முதலில், படப்பிடிப்பு அப்புறம். ஆவணப்படத்தில் பெரும்பாலும் திரைக்கதை எழுதப்படுவதே எடிட் மேசையில்தான். நான் எடிட் செய்த ஒரு படத்துக்கு 80 மணி நேர ரஷ், அதாவது வெட்டாத மூலப் பதிவு, வந்தது, படம் 74 நிமிடம். அதில் ஒரு மூதாட்டி மகனைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்து, நிறுத்தி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். 11 விநாடி பேச்சே இல்லை. அதை வெட்டச் சொன்னார்கள், நான் வெட்டவில்லை. படத்தின் நடுப்புள்ளி என்று பிறகு எல்லாரும் சொன்னது அந்த 11 விநாடியைத்தான்.

என் கருத்தைக் கேட்டால், ஆவணப்படத்தின் முதல் ஆசிரியர் எடிட்டர்.

ஒளிப்பதிவாளர் ஒருவர்: இதை ஒத்துக்கொள்ள முடியாது மேடம். அந்த 11 விநாடி உங்களிடம் வந்ததே, பேச்சு நின்ற பிறகும் ஒருவர் கேமராவை நிறுத்தாமல் இருந்ததால்தானே?

பதில்: உண்மைதான், அவர் நிறுத்தியிருந்தால் எனக்கு ஒன்றுமே கிடைத்திருக்காது. ஆனால் அவர் நிறுத்தாமல் எடுத்த இடங்கள் அந்த ரஷ்ஷில் நூற்றுக்கணக்கில் இருந்தன. அதில் எது பொருள் தரும் என்று முடிவு செய்வது வேறு வேலை.

1929இல் வந்த, சோவியத் இயக்குநர் வெர்டோவின் ‘மூவி கேமராவுடன் ஒரு மனிதன்’ படத்தைப் பாருங்கள். அதில் எடிட்டர் ஸ்விலோவா மேசையில் உட்கார்ந்திருப்பதே ஒரு காட்சி. குழந்தைகளின் முகங்கள் ஃபிலிம் துண்டில் அசையாமல் நிற்கின்றன. அவர் எடுத்து ஒட்டியதும் உயிர் பெற்றுச் சிரிக்கின்றன. எடிட்டிங் என்றால் என்ன என்று இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை. அதே படத்தின் டைட்டிலில் வெர்டோவுக்குக் கிடைத்த சொல் ‘ஆசிரியர்’, ஸ்விலோவாவுக்குக் கிடைத்தது படத்தொகுப்பு உதவி.

அதே ஒளிப்பதிவாளர்: அந்தப் படத்தில் தெருத்தெருவாகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர் மிகயீல் காஃப்மன். அவரை ஏன் விட்டுவிட்டீர்கள்?

பதில்: விட்டிருக்கக் கூடாது. திரையில் தெரியும் அந்த மனிதரும் அவர்தான், முதன்மை ஒளிப்பதிவாளரும் அவர்தான்.

சரி, வேறு விதமாகச் சொல்கிறேன். அமெரிக்க ஆவணப்பட இயக்குநர்களான மேசில்ஸ் சகோதரர்களின் ‘சேல்ஸ்மேன்’ படத்தை எடிட் செய்த ஷார்லட் ஸ்வெரின், அவர்களுக்குச் சமமாக இயக்குநர் என்றே பெயர் பெற்றார். 1975இல் வந்த ‘கிரே கார்டன்ஸ்’ படத்தில் எடிட்டர்கள் எலன் ஹோவ்டும் மஃபி மேயரும் அப்படியே. அந்தச் சகோதரர்களில் ஆல்பர்ட் யார்? ஒளிப்பதிவாளர். டேவிட் ஒலிப்பதிவாளர். ஆக, படம் பிடித்தவரும் ஒலி பிடித்தவரும் தொகுத்தவர்களும் ஒரே வரியில் இயக்குநர்களாக நிற்கிறார்கள். இதற்குமேல் ஒரு நேர்மையான டைட்டில் கார்டை எனக்குக் காட்டுங்கள். எடிட்டர்தான் முதல் ஆசிரியர் என்றதை ‘எடிட்டரும்’ என்று மாற்றிக்கொள்கிறேன்.

பெயர் தராதவர்: நீங்கள் இரண்டு பேரும் அந்த 11 விநாடிக்காகச் சண்டை போடுகிறீர்கள். கண்ணாடியைத் துடைத்த அந்த அம்மாவின் பெயர் படத்தில் எங்கே வந்தது?

பதில்: கடைசி நன்றிப் பட்டியலில், 43 பெயர்களுக்கு நடுவில். இந்தக் கேள்வியை நான் அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும்.

பழைய சிக்கல் இது. 1922இல் அமெரிக்க இயக்குநர் ஃப்ளாஹர்டி கனடாவின் வடகோடியில் எடுத்த ‘நானூக் ஆஃப் த நார்த்’ படத்தில் நானூக்காக வருபவரின் உண்மையான பெயர் அல்லகரியல்லக். வேட்டைக் காட்சிகளை எப்படி எடுக்கலாம் என்று சேர்ந்து திட்டமிட்டவர்களும், படப்பிடிப்பில் உதவியாளர்களாக வேலை செய்தவர்களும் அங்கிருந்த இனுயிட் பழங்குடி மக்கள். உலகத்துக்குத் தெரிந்தது ஃப்ளாஹர்டி மட்டும். 1961இல் பிரான்சில் ழான் ரூஷும் எட்கர் மொரினும் தங்கள் ‘ஒரு கோடையின் வரலாறு’ படத்தில் வந்தவர்களுக்கே காட்சிகளைப் போட்டுக் காட்டி, அவர்கள் சொன்ன விமர்சனத்தையும் படத்தில் சேர்த்தார்கள். ஆசிரியர் இடத்தை முழுதாகக் கொடுத்துவிடவில்லை, கதவைத் திறந்தார்கள்.

பெயர் போடாமல் இருப்பதே நியாயம் ஆகும் இடமும் உண்டு. இந்தோனேசியப் படுகொலைகளைப் பற்றி 2012இல் வந்த ‘தி ஆக்ட் ஆஃப் கில்லிங்’ படத்தில் இணை இயக்குநர் ஒருவர் உட்பட இந்தோனேசியக் குழுவினர் பலருக்கு ‘பெயர் குறிப்பிடப்படாதவர்’ என்றுதான் போட்டிருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்து என்பதால். எனவே போடலாமா என்று அவர்களிடமே கேளுங்கள். படப்பிடிப்புக்கு முன்பே கேட்டு எழுதிவையுங்கள்.

முதுகலை மாணவர்: ஹெச்-இண்டெக்ஸ் எவ்வளவு இருந்தால் வேலை கிடைக்கும்?

பதில்: மேலே இரண்டாவது பதிலைப் படியுங்கள்.

குறும்பட இயக்குநர்: என் ஆவணப்படத்தில் ஒரு பழைய திரைப்பாடலைப் போடலாமா?

பதில்: அது உரிமம் சம்பந்தப்பட்டது. பதிப்புரிமை வழக்கறிஞரிடம் போங்கள். வெளியீட்டுக்கு முன்பே போங்கள்.

கணினித் துறை மாணவர்: கட்டுரையின் பாதியைச் சாட்ஜிபிடி எழுதியது. அதையும் ஆசிரியராகப் போடவேண்டுமா?

பதில்: கூடாது. 2023 தொடக்கத்தில் சிலர் போட்டுப் பார்த்தார்கள். முக்கிய இதழ்கள் உடனே மறுத்தன. நான்காவது நிபந்தனையை நினைத்துப் பாருங்கள். அட்டவணை மூன்றில் கூட்டல் ஏன் பொருந்தவில்லை என்று நாங்கள் யாருக்கு எழுதுவோம்? பயன்படுத்தியதை ஒளிக்காமல் கட்டுரையில் சொல்லுங்கள். பதில் சொல்லவேண்டியவர் நீங்கள்.

இலக்கிய ஆய்வாளர்: பெயரே இல்லாத எழுத்துக்கு ஆசிரியரைக் கணக்கு வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடிந்திருக்கிறது. அமெரிக்க அரசியல் சட்டத்தை ஆதரித்துப் புனைபெயரில் வந்த ஃபெடரலிஸ்ட் கட்டுரைகள் 85. அதில் 12 ஹாமில்டன் எழுதியதா, மேடிசன் எழுதியதா என்று நெடுங்காலம் சண்டை. புள்ளியியலாளர்கள் மாஸ்டெல்லரும் வாலஸும் 1964இல் சின்னச் சின்ன இணைப்புச் சொற்களை எண்ணிப் பார்த்தார்கள். ஹாமில்டன் ‘அபான்’ என்ற சொல்லை அடிக்கடி போடுவார், மேடிசன் அபூர்வமாகத்தான் போடுவார். ஒரே பொருளுக்கு ஹாமில்டனுக்கு ‘வைல்’, மேடிசனுக்கு ‘வைல்ஸ்ட்’. பன்னிரண்டும் மேடிசன் பக்கமே சாய்ந்தன. கருத்தை இன்னொருவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம், இந்தச் சின்னச் சொற்களின் பழக்கம் நம்மை அறியாமல் வருவது. அதனால்தான் அவற்றை எண்ணுகிறார்கள். ஆனால் யார் யார் எழுதியிருக்கலாம் என்ற பட்டியலும், அவர்களுடைய சந்தேகமில்லாத எழுத்தும் நிறையக் கையில் இருக்கவேண்டும். நம் குறுந்தொகையில் ‘செம்புலப் பெயல்நீர்’ என்று பாடியவரின் பெயர் தொலைந்துபோய், அந்தச் சொற்றொடரே அவருக்குப் பெயராகிச் செம்புலப்பெயனீரார் ஆனார். ஒப்பிட வேறு பாட்டு இல்லாத அவர் விஷயத்தில் எந்தக் கணக்கும் உதவாது.

ஆய்வாளர்: என் பெயர் ஒரு கட்டுரையில் இனிஷியல் முன்னாலும், இன்னொன்றில் பின்னாலும் வந்துவிட்டது. மேற்கோள் கணக்கு இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது.

பதில்: ஆய்வாளர்களுக்கான 16 இலக்க அடையாள எண்ணான ஆர்க்கிட் இலவசம். வாங்கி இரண்டையும் சேருங்கள். இனிமேல் ஒரே வடிவம்.

இன்னொரு மாணவர்: நான்கு பேர் சேர்ந்து எழுதினோம். யார் பெயர் முதலில் வரவேண்டும்?

பதில்: இதே கேள்வியை இன்னும் ஏழு பேர் அனுப்பியிருக்கிறீர்கள். எட்டுப் பேருக்கும் ஒரே பதில். கட்டுரையில் யார் என்ன செய்தார் என்று குறிக்கும் கிரெடிட் என்ற பட்டியலில் 14 பணிகள் இருக்கின்றன: கருத்துருவாக்கம், முறையியல், ஆய்வு நடத்துதல், மென்பொருள், தரவுப் பராமரிப்பு, முதல் வரைவு என்று போகும். 2022இல் அது அமெரிக்கத் தேசியத் தரநிலையாகவும் ஆகிவிட்டது. நான்கு பேரும் உட்கார்ந்து அதை நிரப்புங்கள். நிரப்பி முடிக்கும்போது வரிசை பெரும்பாலும் தானாகத் தெரிந்துவிடும். அடுத்த முறை தொடங்கும் நாளிலேயே நிரப்புங்கள்.

முதல் கேள்வி கேட்ட ஆய்வு மாணவி: மேடம், நெறியாளரிடம் பேசினேன். வேலைப் பட்டியலை எழுதிக் கொண்டுவா, பார்க்கலாம் என்றார். எழுதும்போதுதான் தோன்றியது. களத்தில் என்னை வீடு வீடாகக் கூட்டிப்போய், எனக்குப் புரியாத வழக்கை விளக்கி, பாதி நேர்காணல்களை அவரே எடுத்தவர் ஒருவர் இருக்கிறார். பட்டம் எதுவும் இல்லாதவர். அவரை நன்றியுரையில் போட்டால் போதுமா?

பதில்: போதாது. பாதி நேர்காணல் எடுத்தவர் முதல் நிபந்தனையை நிறைவு செய்துவிட்டார். அப்படிப்பட்டவருக்கு மற்ற மூன்றையும் நிறைவு செய்ய வாய்ப்புத் தரவேண்டும் என்று அந்த விதியே சொல்கிறது. வரைவைத் திருத்தக் கூப்பிடாமல் விட்டுவிட்டு, அவர் எழுதவில்லையே என்று காரணம் காட்டக் கூடாது.

வரைவை எடுத்துக்கொண்டு அவரிடம் போங்கள். கட்டுரை அவருக்குத் தெரியாத மொழியில் இருந்தால், பத்தி பத்தியாக அவர் மொழியில் சொல்லுங்கள். எங்கே தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள் என்று அவர் சொல்லுவார், அதைத் திருத்துங்கள். பெயர் வருவதில் அவருக்குச் சம்மதமா, பிறகு யாராவது கேட்டால் பதில் சொல்லத் தயாரா என்று கேளுங்கள். சம்மதம் என்றால், தன் பெயரை எப்படி எழுதுவார் என்று அவர் கையாலேயே ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.