ரீச்சரிடம் கேளுங்கள்: பாதியில் நிற்கும் வேலைகள்

இந்த முறை வந்த கடிதங்களில் கூடுதலானவை, தொடங்கி இடையில் நின்றுபோன வேலைகளைப் பற்றியவை. பலர் மன்னிப்புக் கேட்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். "எல்லாம் என் சோம்பல்தான் ரீச்சர்" என்றுகூட ஒரு தங்கச்சி எழுதியிருந்தார். எனக்கு அப்படித் தெரியவில்லை. மனைப்பொருளியல் படிப்பித்த காலம் முழுவதும் நான் கவனித்தது வேறு. ஒரு வேலை நிற்கிற இடத்தில் ஏதோ ஒரு சின்னச் சாமான் இல்லாமல் இருக்கும், இல்லாவிட்டால் அடுத்த படி தெரியாமல் இருக்கும். நூல் முடிந்திருக்கும், ஓலை முறிந்திருக்கும், மூலை மடிக்கத் தெரியாது. அதைக் கண்டுபிடித்தால் வேலை தானாக நகரும். ஆகவே எனக்கு எழுதும்போது வேலை எந்த இடத்தில் நிற்கிறது என்பதை விவரமாக எழுதுங்கள். எத்தனை வருடமாக நிற்கிறது என்பது எனக்குத் தேவையில்லை.

கேள்வி: என் மாமி இழைக்கத் தொடங்கிய பனை ஓலைக் கடகம் ஒன்று வீட்டில் இருக்கிறது. அடி முடிந்து, சுவரும் நாலு விரல் உயரத்துக்கு வந்திருக்கிறது. மாமிக்கு இப்போது கை நடுங்குகிறது. நான் தொடரலாம் என்று எடுத்தால் ஓலை காய்ந்து, மடிக்கும்போது முறிகிறது. இதைத் தொடரலாமா, எறிய வேண்டியதுதானா?
வாசகி, கனகராயன்குளம்

பதில்: எறிய வேண்டாம். அந்த ஓலை இன்னும் வளையுமா என்பதை முதலில் பாருங்கள். காய்ந்த துணியால் தூசியைத் துடைத்துவிட்டு, சின்னப் பூச்சி ஏதும் இருந்தால் போகும்படி காலை வெயிலில் கொஞ்ச நேரம் வையுங்கள். பொழுதுபட, நீட்டிக்கொண்டிருக்கும் ஓலைகளில் தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கால் சுற்றி விடியும்வரை விடுங்கள். வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்தக்கூடாது. தண்ணீர் கூடினால் ஓலை ஊதும். ஊதிய ஓலையை எவ்வளவு இறுக்கி இழைத்தாலும், காயும்போது அது சுருங்கிப் பின்னலுக்குள் ஓட்டை விழும். அரிசி அள்ளினால் வழியெல்லாம் சிந்தும்.

காலையில் ஒரே ஒரு ஓலையை எடுத்து விரலில் சுற்றி மடித்துப் பாருங்கள். மடிந்தால் எல்லாம் சரி, உடனே தொடங்கலாம். வெடித்து முறிந்தால் அந்த ஓலையை நம்பி மேலே போகக்கூடாது. அப்போதும் கடகம் வீணில்லை. நல்ல சாரோலை வாங்கி, பழைய ஓலை என்ன அகலமோ அதே அகலத்துக்குச் சத்தகம் என்ற சின்னக் கத்தியால் வார்ந்துகொள்ளுங்கள். அகலம் ஒரு நூல் கூடினாலும் பின்னல் சரிந்துவிடும். புது ஓலையின் நுனியைப் பழைய ஓலையின் மேலே வைத்து, மூன்று நான்கு பின்னலுக்குள் கீழ்நோக்கிச் செருகுங்கள். பிறகு இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று இழைத்தால், பழையதை அந்த இடத்தில் நறுக்கிவிடலாம். எல்லா ஓலையையும் ஒரே வரியில் மாற்ற வேண்டாம். ஒன்றுவிட்டு ஒன்றாக, மேலும் கீழுமாக மாற்றினால்தான் பலம் இருக்கும்.

பழைய பகுதி மங்கலாகவும் புதியது வெளிறியும் தெரியும் என்று கவலைப்படுவீர்கள். அதற்கும் வழி இருக்கிறது. தொடரும் முதல் இரண்டு விரல் உயரத்துக்குச் சிவப்போ பச்சையோ சாயம் போட்ட குருத்தோலையைக் குறுக்கே கொடுங்கள். சாயத்தூளைக் கொதிநீரில் கரைத்து, ஓலையைச் சுருட்டிப் போட்டு அரை மணித்தியாலம் கொதிக்கவிட்டு, நிழலில் உலர்த்தினால் போதும். கரை வைத்த மாதிரி இருக்கும், நிறமாறாட்டம் கண்ணில் படாது.

இந்த வேலையை வாடை மழைக்குள் தொடங்காதீர்கள். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை இங்கே ஓலை கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். தை பிறந்த பிறகு தொடங்குங்கள். இரவில் பனியில் போட்டு வைத்தாலே ஓலை பதமாகிவிடும்.

கடைசியில் கடகத்தின் வாய் விளிம்பைக் கட்டிப் பொத்தும் இடத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பனைமட்டை நாரைத் தண்ணீரில் ஊறவைத்து விளிம்பின் உள்ளும் புறமும் வைத்து, மெல்லிய நாரால் இறுக்கிப் பொத்த வேண்டும். அதை எழுத்தில் படிப்பதைவிட ஒருவர் செய்யப் பக்கத்தில் இருந்து பார்ப்பதுதான் நல்லது. மாமியைப் பக்கத்தில் இருத்துங்கள். அவருடைய கை நடுங்கலாம், கண்ணும் கணக்கும் அவரிடம்தான் இருக்கின்றன. எந்த இடத்தில் இறுக்க வேண்டும், எந்த இடத்தில் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல நீங்கள் செய்யுங்கள். இன்னும் ஆழமாகப் பழக விருப்பம் வந்தால், 1978 இல் தொடங்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபை பனை ஓலைக் கைப்பணிப் பயிற்சிகள் நடத்துகிறது. அவர்களிடம் விசாரித்துப் பாருங்கள்.

கேள்வி: 2008 இல் ஒரு மேசை விரிப்புக்கு எம்பிராய்டரி போடத் தொடங்கினேன். இடப்பெயர்வில் அந்தத் துணியும் என்னோடு வந்தது, முகாமிலும் இருந்தது, திரும்பி வீட்டுக்கும் வந்தது. மூன்று மூலையில் பூ இருக்கிறது, நாலாவது வெறுமை. ஊசி குத்தி வைத்த இடத்தில் கறல். அந்த நிற நூலும் இப்போது கிடைப்பதில்லை. முடிக்கத்தான் வேண்டுமா?
வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். முடிக்கத்தான் வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. ஆனால் துணியைக் காப்பாற்ற வேண்டும். அதை முதலில் செய்வோம்.

கறலுக்குத் தேசிக்காய்ப் புளியும் உப்பும் போதும். கறல் பட்ட இடத்தில் உப்பைத் தூவி, புளியை விட்டு, வெயிலில் வைத்துக் காய்ந்ததும் தண்ணீரில் அலசுங்கள். ஒரே தடவையில் போகாவிட்டால் திரும்பச் செய்யலாம். பூ நூலில் புளி படக்கூடாது, நிறம் வெளுக்கும். துவைப்பதற்கு முன்னர் வெள்ளைத் துணியொன்றை நனைத்து, ஒவ்வொரு நிற நூலின் மேலும் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டாவிட்டால் பச்சைத் தண்ணீரில் சவர்க்காரம் கரைத்து மெதுவாக அலசி, முறுக்கிப் பிழியாமல் நிழலில் விரித்து உலர்த்துங்கள். சாயம் ஒட்டினால் துவைக்காதீர்கள், ஈரத்துணியால் வெறும் துணிப்பகுதியை மட்டும் துடைத்துவிடுங்கள்.

அதற்குப் பிறகு இரண்டு வழி இருக்கிறது. அதே நிறம் தேடி அலைய வேண்டாம். கிடைக்கிற நூலில், அதே பூவைக் கோட்டுத் தையலால் வெளிக்கோடு மட்டும் போடுங்கள். ஆறு இழை நூலில் இரண்டு இழை எடுத்தால் நேர்த்தியாக வரும். மூன்று பூவும் ஒரு கோட்டுப் பூவும் என்று அந்த விரிப்பு தன் கதையோடு இருக்கும். அல்லது நாலாவது மூலையை அப்படியே விட்டு, நான்கு ஓரத்தையும் மடித்துத் தைத்துவிடுங்கள். ஓரம் தைத்தால் அது முடிந்த விரிப்புத்தான். எது என்பதை உங்கள் மனம் சொல்லட்டும். மூன்று மூலையையும் பிரித்துப் புதிதாகத் தொடங்க மட்டும் நினைக்காதீர்கள். பழைய ஊசித் துளைகளில் துணி கிழியும்.

கேள்வி: எங்களுக்கு இந்திய வீட்டுத் திட்டத்தில் வீடு கிடைத்தது. சுவர் எழுப்பி, கூரை போட்டதோடு காசு முடிந்தது. இன்றுவரை பூச்சு இல்லை. மகள் சாதாரண தரம் எடுக்கப் போகிறாள். அவள் படிக்கிற அறையை மட்டுமாவது முடிக்க ஆசை. இவர் "எல்லாம் சேர்த்துப் பிறகு செய்வோம்" என்கிறார்.
வாசகி, வவுனிக்குளம்

பதில்: முதலில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் திட்டம் 2012 இல் இங்கே பெரிய அளவில் தொடங்கியபோது ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா, அதுவும் கட்டம் கட்டமாக. வீட்டுக்காரரே நின்று கட்டவேண்டும். சாமான் விலை ஏறிக்கொண்டே போனது. நகை அடகு வைத்தவர்களும் கடன்பட்டவர்களும் எங்கள் ஊர்களில் எத்தனை பேர். பூச்சில்லாத சுவருக்காக நீங்கள் யாருக்கும் கூச்சப்பட வேண்டியதில்லை.

எல்லாம் சேர்த்துச் செய்வது என்றால் அந்த நாள் வராது. அறை அறையாகச் செய்யுங்கள். பத்துக்குப் பத்து அடி அறை, சுவர் 9 அடி உயரம் என்றால், கதவு யன்னல் கழித்து ஏறத்தாழ 310 சதுர அடி வரும். ஒரு பங்கு சீமெந்துக்கு ஐந்து பங்கு மணல் என்ற கலவையில், அரை அங்குலக் கனத்துக்கு, 50 கிலோ சீமெந்துப் பை ஒன்று 90 முதல் 100 சதுர அடிவரை வரும். ஆக நாலு பை வேண்டும். மாதம் ஒரு பை என்று வாங்கிச் சேர்க்காதீர்கள், மழைக்காலத்தில் பைக்குள்ளேயே கட்டிபட்டுவிடும். காசைச் சேருங்கள், சீமெந்தைக் கடைசியில் வாங்குங்கள். கடல் மண் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அதிலுள்ள உப்பு, பூச்சின் மேல் பூத்துக்கொண்டே இருக்கும்.

மேசனுக்குக் கொடுக்கிற கூலி வீண்போகாமல் இருக்க, மற்ற வேலைகளை நீங்களும் மகளும் செய்யலாம். மணலை அரித்து வையுங்கள். மின்சார வயர் போகும் குழாயை முதலே பதித்துவிடுங்கள், பூசிய சுவரை உடைக்கிற வேலை பிறகு வேண்டாம். முதல்நாள் பின்னேரமும் பூசுவதற்குச் சற்று முன்னரும் சுவரை நனையுங்கள். நனைக்காத சீமெந்துக் கல் கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும், பூச்சுப் பொருக்குப் பொருக்காகக் கழரும். பூசிய பிறகு ஏழு நாள் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் மதியமும் ஒருமுறை தெளியுங்கள். அந்தக் காற்று ஈரத்தைக் கெதியாக இழுத்துவிடும்.

பூசும்வரை என்ன செய்வது? சுண்ணாம்பு அடிக்கச் சொல்வார்கள். பிறகு பூசப்போகிற சுவருக்கு அடிக்காதீர்கள், சுண்ணாம்பின் மேல் கலவை வடிவாகப் பிடிக்காது. மகளின் மேசைக்குப் பின்னால் ஒரு தடியில் பழைய நூல் சீலையைக் கோர்த்துத் தொங்கவிடுங்கள். தூசி கொப்பியில் விழாது. பூசும் நாளில் கழற்றித் தோய்த்துக் கொள்ளலாம்.

கேள்வி: பூக்கன்றுப் பாத்திக்கு ஓரம் கட்ட மண் கிண்டியபோது சில இரும்புச் சாமான்கள் வந்தன. ஒன்று உருளையாக இருக்கிறது. கழுவிப் பெயின்ற் அடித்துப் பூச்சாடியாகப் பாவிக்கலாமா?
வாசகர், முல்லைத்தீவு மாவட்டம்

பதில்: தம்பி, தொடவே வேண்டாம், அது வெடிபொருளாக இருக்கலாம். கழுவவும் வேண்டாம், தட்டவும் வேண்டாம், ஓரமாக எடுத்து வைக்கவும் வேண்டாம். வந்த காலடித் தடத்திலேயே திரும்பிப் போய், தூரத்தில் தடி நட்டு ஒரு துணி கட்டி, பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் அந்தப் பக்கம் விடாமல், 119 இல் பொலிசுக்கு அறிவியுங்கள். கிராம அலுவலருக்கும் சொல்லுங்கள். கண்ணிவெடி அகற்றுபவர்கள் வந்து பார்த்துச் சொல்லும்வரை அந்த வளவில் மண்வெட்டி போடக்கூடாது. பாத்திக்கு ஓரம் கட்ட உடைந்த ஓடு போதும்.

கேள்வி: உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன். கையில் காசு இல்லை. ஏதாவது செய்து பழக ஆசை. சிரட்டையில் தொடங்கலாமா?
வாசகர், பரந்தன்

பதில்: தாராளமாகத் தொடங்கலாம். முதல் வேலையாக அகப்பை செய்யுங்கள், அம்மாவுக்கு அடுத்த நாளே உதவும். நன்றாக முற்றிய தேங்காயின், கண் இல்லாத பாதி வேண்டும். வெளித்தும்பைக் கத்தியால் சுரண்டுங்கள். பிறகு சாண்ட் பேப்பரில் 80 ஆம் இலக்கம், அடுத்தது 120, கடைசியில் 220 என்று தேயுங்கள். தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற வகையாக வாங்கினால் தூள் பறக்காது. எப்படியும் மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூள் நெஞ்சுக்குக் கூடாது. 80 இல் அவசரப்பட்டு 120 க்குப் போகாதீர்கள். தும்பு வரி ஒன்று மிஞ்சினாலும் கடைசிவரை தெரியும்.

பிடிக்கு இரண்டு துளை வேண்டும், விளிம்பிலிருந்து அரை அங்குலம் கீழே, எதிரும் புதிருமாக. ஆணி வைத்துச் சுத்தியலால் அடித்தால் சிரட்டை பிளக்கும். மெல்லிய இரும்புக் கம்பியை அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, குறட்டால் பிடித்து, மெதுவாக அழுத்தினால் சுட்டுக்கொண்டு உள்ளே போகும். பிடிப்பக்கத் துளை பெரிதாகவும் எதிர்த் துளை சிறிதாகவும் இருக்க வேண்டும். அதற்கேற்றபடி பிடியை நுனி மெலிந்து வரச் சீவி, இரண்டுக்குள்ளாலும் இறுக்கமாகச் செலுத்துங்கள். மரக்காலையில் கழிக்கிற பாலை, முதிரைத் துண்டுகள் கேட்டால் தருவார்கள். காட்டில் போய்த் தடி வெட்டாதீர்கள். வார்னிஷும் வேண்டாம், சாப்பாட்டில் படுகிற சாமான் இது. தேங்காய் எண்ணெயைத் தடவி ஒரு இரவு விட்டுத் துடைத்தால் கறுத்து மினுங்கும்.

முதல் அகப்பையைத் தூக்கிப் போட்டுவிடாமல் வைத்திருங்கள். ஐந்தாவதைச் செய்யும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்க அது வேண்டும்.

கேள்வி: ஐயா வழக்கமாக இருக்கிற இரும்புச் சட்டக் கதிரையின் வயர் அறுந்து, மாமரத்தின் கீழே கிடக்கிறது. வயர் பின்னுகிறவர் இப்போது இந்தப் பக்கம் வருவதில்லை.
வாசகி, மாங்குளம்

பதில்: சட்டத்தின் பொருத்துகள் உறுதியா என்று ஆட்டிப் பாருங்கள். உறுதி என்றால் நீங்களே பின்னலாம். கறலைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, கறல் தடுக்கும் பெயின்ற் ஒரு பூச்சு அடித்து நன்றாகக் காயவிடுங்கள். சைக்கிள் கடையில் ஒட்டமுடியாத ரியூப்புகள் கிடைக்கும். நீளவாக்கில் பிளந்து, உள்ளேயிருக்கும் வெள்ளைத் தூளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஒன்றரை அங்குல நாடாவாக வெட்டுங்கள். முன்னிருந்து பின்னுக்கு முதலில் இழுத்துக் கட்டி முடித்து, பிறகு பக்கவாட்டில் ஒன்றுக்கு மேல் ஒன்றுக்குக் கீழ் என்று கொண்டுபோக வேண்டும். நன்றாக இழுத்துக் கட்டுங்கள், ரப்பர் பிறகு கொஞ்சம் தளரும். முடிச்சு எல்லாம் இருக்கையின் கீழே வரட்டும். வெள்ளை வேட்டியில் கறுப்பு ஒட்டாமல் மேலே ஒரு துணி மெத்தை போடுங்கள். ஐயாவை இருத்துவதற்கு முன்னர் நீங்கள் ஒருமுறை முழுப் பாரத்தோடும் இருந்து பாருங்கள்.