வேளச்சேரி பழைய ஃபிளாட்டா, அஸ்தினாபுரம் புது ஃபிளாட்டா?

கேள்வி: எனக்குத் தரமணியில் வேலை. மனைவி குரோம்பேட்டையில் பள்ளி ஆசிரியை. அம்மாவுக்கு 70 வயது, முட்டி வலி. இப்போது சைதாப்பேட்டையில் வாடகைக்கு இருக்கிறோம். வேளச்சேரியில் 18 வருடப் பழைய தரைத்தள ஃபிளாட் ஒன்றும், குரோம்பேட்டையை அடுத்த அஸ்தினாபுரத்தில் லிஃப்ட் வைத்த புது ஃபிளாட் ஒன்றும் ஏறக்குறைய ஒரே விலையில் வருகின்றன. எதை வாங்கலாம்?

பதில்: வேலைக்குப் போக உங்களுக்கு வேளச்சேரிதான் சுகம். பறக்கும் ரயிலில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன் தரமணி. அஸ்தினாபுரத்திலிருந்து என்றால் பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டில் தினமும் மல்லுக்கட்ட வேண்டும்.

ஆனால் 'தரைத்தளம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்கு உதைக்கிறது. அம்மாவின் முட்டிக்கு நல்லதுதான், மழைக்கு? 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரியின் பல தெருக்களில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. எல்லாத் தெருவிலும் இல்லை. அதனால் ஏரியாவை விடுங்கள், தெருவை விசாரியுங்கள். வீட்டுக்காரரைக் கேட்டால் "நம்ம தெருவுல நிக்கவே நிக்காது சார்" என்பார். முனையில் இருக்கும் இஸ்திரி வண்டிக்காரரைக் கேளுங்கள், எந்தப் படி வரை ஏறியது என்று கையால் காட்டுவார். அப்படியே இ.பி. மீட்டர் பெட்டியையும் பாருங்கள். தலைக்கு மேலே ஏற்றி மாட்டியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். சம்ப், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி ரோட்டை விடத் தாழ்வாக இருந்தால் அந்த வீடே வேண்டாம்.

அஸ்தினாபுரம் மட்டும் மேடு என்று நினைத்துவிடாதீர்கள். செம்பாக்கம், நெமிலிச்சேரி ஏரிகள் பக்கத்திலேயே இருக்கின்றன. இதே விசாரணை அங்கேயும் வேண்டும். கூடவே, கோடையில் மாதம் எத்தனை லாரி தண்ணீர் வாங்குகிறார்கள் என்று அக்கம்பக்கத்து அபார்ட்மெண்ட்களில் கேளுங்கள்.

பத்திரத்தில் யுடிஎஸ், அதாவது நிலத்தில் உங்கள் பங்கு, எத்தனை சதுர அடி என்று இரண்டிலும் பாருங்கள். பழைய கட்டடங்களில் இது பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். வேளச்சேரிக்காரர் அதைச் சொல்லித்தான் விலை பேசுவார், அதில் நியாயமும் உண்டு. புது ஃபிளாட்டுக்கு சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) தரும் கட்டட நிறைவுச் சான்றிதழ் கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

சரி, என் ஓட்டு எதற்கு? கேள்வியின் முதல் வரியிலேயே உங்கள் வேலையைச் சொல்லிவிட்டீர்கள். பகல் முழுக்க அம்மா தனியாக இருப்பார் என்பதை எங்குமே சொல்லவில்லை. அஸ்தினாபுரம் என்றால் மனைவி ஆட்டோ பிடித்துச் சீக்கிரம் வந்துவிடலாம், அரசு மருத்துவமனையும் கிட்டத்தில். அதனால் அந்தப் பக்கம்தான். ஆனால் இப்போதே வாங்க வேண்டாம். முதலில் அங்கேயே 11 மாத ஒப்பந்தத்தில் வாடகைக்குப் போய் ஒரு ஐப்பசி, கார்த்திகை மழையைப் பாருங்கள். வேறு மாதிரி எழுதிக்கொண்டால் தவிர, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்பது தமிழ்நாட்டு வாடகைச் சட்டம். பத்து மாதம் கேட்டால் பேசிக் குறையுங்கள். மழை முடிந்த பிறகும் அந்த ஃபிளாட் விற்காமல் கிடந்தால் விலையையும் கொஞ்சம் இறக்கிக் கேட்கலாம்.