ஜப்பான் போகும்போது அங்குள்ள அழகுசாதனப் பொருட்களையும் உடைகளையும் செலவைக் குறைத்து வாங்குவது எப்படி?

கேள்வி கேட்டவர் பத்து நாள் டோக்கியோவும் ஒசாகாவும் போகிறார். வீட்டில் ஹாடா லாபோ, பியோரே அழகுசாதனங்கள், யூனிக்லோ உடைகள், ஒனிட்சுகா டைகர் ஷூக்கள் என்று ஒரு நீளப் பட்டியல் எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். எதை எங்கே வாங்கினால் காசு மிச்சமாகும் என்கிறார்.

நான் டோக்கியோவில் நிஷிகசாயில் குடியிருக்கிறேன். ஐ.டி. வேலைக்கு வந்த இந்தியக் குடும்பங்கள் நிறைந்த பகுதி. மார்ச் கடைசியில் செர்ரி பூக்கிறதோ இல்லையோ, சொந்தக்காரர்கள் தவறாமல் வந்துவிடுவார்கள். ஆறு வருடமாக அவர்களுக்குக் கடை காட்டிப் பை தூக்கிய அனுபவத்தில் சொல்கிறேன்.

வருகிற எல்லோரும் இறங்கியதும் கேட்பது, "டாக்ஸ் ஃப்ரீ எங்கே?" என்றுதான். சரி, அதையே முதலில் முடித்துவிடுவோம். ஜப்பானில் நுகர்வு வரி 10 சதவீதம். சுற்றுலா விசாவில் வந்தவர் ஒரே கடையில் ஒரே நாளில், வரி சேர்க்காத விலையில் குறைந்தது 5,000 யென்னுக்கு வாங்கினால் அந்த வரியைக் கட்ட வேண்டாம். 5,500 யென் பில் 5,000 ஆகும். அதாவது கையிலிருந்து போவதில் ஒன்பது சதவீதம்தான் குறைகிறது, பத்துகூட இல்லை. டிபார்ட்மென்ட் ஸ்டோர்களில் முழு விலை கொடுத்துவிட்டு, இன்னொரு மாடியில் தனிக் கவுன்டரில் வரிசையில் நின்று வரியைத் திரும்ப வாங்க வேண்டியிருக்கும். பல இடங்களில் அதற்கு 1.55 சதவீதம் கட்டணம் பிடித்துக்கொள்வார்கள்.

அசல் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். என் சித்தப்பா அதை ஓட்டலில் பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டு, போனில் போட்டோ காட்டினார். கடைப் பெண் இடுப்பு வரை குனிந்து மன்னிப்புக் கேட்டாள். வரியை மட்டும் விடவில்லை.

இன்னொரு சிக்கல், அழகுசாதனப் பொருட்களை வரியில்லாமல் வாங்கினால் ஒட்டிய பையில் போட்டுத் தருவார்கள், ஜப்பானை விட்டுக் கிளம்பும்வரை அதைப் பிரிக்கக் கூடாது. துணிக்கும் செருப்புக்கும் அந்தக் கட்டுப்பாடு இல்லை, அன்றைக்கே போட்டுக்கொள்ளலாம். ஆனால் 5,000 யென் கணக்குக்காகக் காலுறையையும் சன்ஸ்கிரீனையும் ஒரே பில்லில் சேர்த்தால் காலுறையும் பைக்குள் மாட்டிக்கொள்ளும். பயணத்தில் பூசிக்கொள்ளப்போகும் சன்ஸ்கிரீனை வரியோடு தனியாக வாங்கிவிடுங்கள், பெரிய நஷ்டம் இல்லை. என் நாத்தனார் அந்த ஒட்டிய பையை அப்படியே கைப்பையில் எடுத்துக்கொண்டு விமான நிலையம் போனார். முத்திரை போட்ட பை, யார் கேட்கப்போகிறார்கள் என்ற தைரியம். உள்ளே இருந்தது 170 மில்லி பாட்டில்கள். 100 மில்லிக்கு மேலான திரவம் கைப்பையில் போகாது என்ற விதிக்கு எந்த முத்திரையும் தெரியாது. நான்கு பாட்டிலும் குப்பைத் தொட்டிக்குப் போயின.

இதெல்லாம் 2026 அக்டோபர் 31 வரைக்குமான கதை. நவம்பர் 1 முதல் முறை மாறுகிறது. கடையில் வரியோடு முழுப் பணமும் கொடுக்க வேண்டும், வாங்கிய 90 நாளுக்குள் நாட்டை விட்டுக் கிளம்பும்போது விமான நிலையச் சுங்கத்தில் காட்டிய பிறகு வரி திரும்ப வரும். ஒட்டிய பை தொல்லை ஒழிகிறது. அதற்குப் பதிலாகப் பெட்டியை ஏற்றிவிடுவதற்கு முன் சுங்கத்தைப் பார்க்க வேண்டும் என்ற தொல்லை. கிளம்பும் நாளில் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் ஒன்று. "உன் சாமானையும் என் பாஸ்போர்ட்டிலேயே போட்டுவிடலாமே" என்று ஒவ்வொரு விருந்தாளியும் அன்போடு சொல்வார்கள். நான் இங்கே குடியிருப்பவள், எனக்கு வரிவிலக்கு கிடையாது. வரியில்லாமல் வாங்கிய பொருள் பெட்டியில் இல்லை என்றால் சுங்கத்தில் வரியைக் கேட்பார்கள். உங்கள் சொந்தக்காரர் யாராவது இங்கே இருந்தால் அவர்களுக்கும் இந்த அன்பு வேண்டாம்.

ஆக இவ்வளவு கூத்தும் ஒன்பது சதவீதத்துக்கு. அதில் கிட்டத்தட்ட பாதியை உங்கள் கார்டே தின்றுவிடும். நம் ஊர்க் கிரெடிட் கார்டுகள் பலவற்றில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் கட்டணம், அதற்கு மேல் ஜிஎஸ்டி. கடை மெஷின் "யென்னா, ரூபாயா?" என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு யென்னை அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் அவர்கள் போடுவதுதான் மாற்று விலை. கட்டணம் குறைந்த பயண கார்டு ஒன்றைக் கிளம்பும் முன்பே எடுத்துவிடுவது, இங்கே வந்து நாலு கூப்பன் தேடுவதைவிட லாபம்.

உண்மையான மிச்சம் எந்தக் கடை, எந்தப் பொருள் என்பதில்தான் இருக்கிறது. இங்கே அழகுசாதனப் பொருட்கள் இரண்டு வகை. ஷிசெய்டோவின் விலை உயர்ந்த வரிசைகள், எஸ்கே-டூ போன்றவை ஒரு வகை; டிபார்ட்மென்ட் ஸ்டோரில் உங்களை உட்கார வைத்து, தடவிக் காட்டி, விளக்கிச் சொல்லி விற்பார்கள். மருந்துக்கடை அலமாரியிலிருந்து நாமே எடுத்துக் கூடையில் போட்டுக்கொள்வது மற்றொரு வகை.

முதல் வகையில் கடைக்குக் கடை விலை பார்த்து அலைவது வீண். ஒரு காலத்தில் ஒரு கடைக்காரர் போனில் ஆர்டர் வாங்கி ஷிசெய்டோ பொருட்களைத் தள்ளுபடியில் விற்றார். நேரில் விளக்கிச் சொல்லி விற்பதாகத்தானே ஒப்பந்தம் என்று கம்பெனி அவருடைய ஒப்பந்தத்தையே முறித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1998-இல் கம்பெனி பக்கமே தீர்ப்பானது. எனவே இந்த வகைக்கு உள்ளது இரண்டே வழி. ஒன்று, பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்களில் தகவல் கவுன்டரில் பாஸ்போர்ட்டைக் காட்டினால் வெளிநாட்டு விருந்தினருக்கான 5 சதவீதத் தள்ளுபடி அட்டை தருவார்கள். எல்லா பிராண்டுக்கும் செல்லாது, கேட்டுவிட்டு வாங்குங்கள். இரண்டு, குடியேற்றச் சோதனை தாண்டியபின் விமான நிலையத்துக்குள் இருக்கும் கடை. அங்கே வரியே இல்லை, 5,000 யென் கணக்கும் இல்லை. என் அத்தைக்கு எஸ்கே-டூ வாங்கித் தரச் சொன்னபோது நான் ஊர் சுற்றவே இல்லை, கிளம்பும் அன்று அங்கேயே வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

இரண்டாவது வகைக்குக் கடைக்காரர் வைத்ததுதான் விலை. ஹாடா லாபோ, பியோரே, மெலானோ சிசி, கியூரெல், கேன்மேக், செசான் எல்லாம் இதில்தான் வரும். கின்சா, ஷிபுயா, ஒசாகாவில் ஷின்சாய்பாஷி என்று சுற்றுலாக்காரர்கள் மொய்க்கும் இடங்களில் வாசலிலேயே "10 சதவீதம் டாக்ஸ் ஃப்ரீ, அதற்கு மேல் 7 சதவீதம்" என்று பெரிதாக எழுதியிருக்கும். அந்த 7 சதவீதம் பெரிய பில்லுக்குத்தான். சின்ன பில்லுக்கு மூன்றோ ஐந்தோதான். எங்கள் நிலையத்தருகே பள்ளிப் பிள்ளைகளும் பாட்டிகளும் வாங்கும் கடையில் அதே பியோரே அக்வா ரிச் சன்ஸ்கிரீன் கின்சாவைவிட 150 யென் குறைவாக இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆயிரம் யென்னுக்குக் கீழே உள்ள பொருளில் 150 என்பது வரியையும் கூப்பனையும் விழுங்கிவிடும். இப்படிப்பட்ட கடைகள் எல்லாவற்றிலும் வரிவிலக்கு இருக்காது, இல்லாவிட்டாலும் பல சமயம் இதுவே மலிவு. டோக்கியோவில் உவேனோவின் அமெயோகோ பக்கமும், ஒசாகாவில் தென்ஜின்பாஷிசுஜியும் நடுவாந்தரமான இடங்கள். இரண்டாவது சுமார் 2.6 கிலோமீட்டர் நீளக் கூரை போட்ட கடைத்தெரு, ஊர்க்காரர்கள் வாங்கும் இடம். எல்லாச் சாமானும் விற்கும் டான் கிஹோத்தே என்ற தள்ளுபடிக் கடையை இங்கே செல்லமாக டோன்கி என்பார்கள். ராத்திரி பன்னிரண்டுக்கும் போகலாம் என்பதுதான் அதன் பெரிய வசதி. எல்லாமே அங்கே மலிவு என்று நம்பிக் கூடையை நிரப்பாதீர்கள்.

விலைச்சீட்டில் ஒரு கண் வையுங்கள். பல கடைகளில் பெரிய எழுத்தில் வரி சேராத விலை, அடியில் சின்னதாக வரி சேர்ந்த விலை. ஒரு கடையின் பெரிய எழுத்தையும் அடுத்த கடையின் சின்ன எழுத்தையும் ஒப்பிட்டுவிட்டு "அங்கே மலிவுடி" என்று என்னை மறுபடி இழுத்துக்கொண்டு போன சித்தி உண்டு.

மலிவான கடையில் தவறான பொருளை வாங்குவதும் செலவுதான். ஜப்பானில் லோஷன் என்றால் தண்ணீர் மாதிரி இருக்கும். முகம் கழுவியதும் முதலில் தட்டிக்கொள்வது. நம் ஊரில் லோஷன் என்று சொல்லும் குழகுழப்பான சமாச்சாரத்துக்கு இங்கே பால் என்று பெயர். அது தெரியாமல் ஆறு பாட்டில் லோஷன் வாங்கிப் போய், "தண்ணியை வித்திருக்காங்க" என்று என்னைத் திட்டியவர்கள் இருக்கிறார்கள். பாட்டிலில் "ஷித்தோரி" என்றிருந்தால் ஈரப்பதம் அதிகம், வறண்ட சருமத்துக்கு. "சப்பாரி" என்றிருந்தால் லேசானது, சென்னைப் புழுக்கத்துக்கு அதுதான். இந்த இரண்டு சொல்லையும் ஜப்பானிய எழுத்தில் போனில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள். அலமாரியில் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே மெத்தென்ற பையில் அதே லோஷன் இருந்தால் அதுதான் "ட்சுமேகாயே", காலி பாட்டிலில் ஊற்றிக்கொள்ளும் பை. விலையும் குறைவு, பெட்டியில் எடையும் குறைவு. ஒரு பாட்டிலும் மூன்று பையும் வாங்குவதுதான் கணக்கு. பையை ஜிப் கவரில் போட்டுத் துணிக்கு நடுவில் வையுங்கள்.

ஃபவுண்டேஷன், பவுடர் பக்கம் போகவே வேண்டாம். மருந்துக்கடைப் பிராண்டுகளில் இருப்பது நாலைந்து நிறம், அதில் மிகக் கருத்தது என்று வைத்திருப்பதே நம்மில் பலருக்கு வெளுப்பு. "டோன் அப்" என்று போட்ட சன்ஸ்கிரீனும் அப்படித்தான். சாதாரண நீர்ப்பதச் சன்ஸ்கிரீன் நம் சருமத்தில் வெள்ளை படியாமல் மறைந்துவிடும், டோன் அப் வகை பூசினால் விபூதி பூசின மாதிரி நிற்கும். "வெள்ளையாக்கும் கிரீம் ஏதாவது வாங்கி வா" என்று கேட்கிறவர்களிடம் நான் ஒரு செய்தி சொல்வதுண்டு: பியோரேயையும் கியூரெலையும் செய்யும் காவோ கம்பெனியே 2021-இல் அந்த "வெள்ளை" என்ற சொல்லைத் தன் பொருட்களிலிருந்து எடுக்கத் தொடங்கிவிட்டது. மஸ்காரா, ஐலைனர், உதட்டுச் சாயம் தாராளமாக வாங்கலாம். கேன்மேக்கும் ஹீரோயின் மேக்கும் அந்த விலைக்கு அபாரம்.

துணிக்கு வருவோம். யூனிக்லோ இப்போது இந்தியாவிலும் இருக்கிறது, ஆனாலும் ஜப்பானில் வாங்குவதில் மிச்சம் உண்டு. விலைச்சீட்டில் இருப்பது வரி சேர்ந்த விலையே. வெள்ளிக்கிழமைதோறும் புது வாரத் தள்ளுபடி வரும், அதனால் வியாழன் அன்று போய் வாங்காதீர்கள். அதன் தங்கை மாதிரியான ஜியூ இன்னும் மலிவு, கல்லூரிப் பிள்ளைகளுக்கு அது போதும். அளவு நம் ஊர் அளவைவிடச் சின்னதாக இருக்கலாம், போட்டுப் பார்க்காமல் வாங்க வேண்டாம். வரியில்லாமல் வாங்கியதை மாற்றுவது பெரிய தலைவலி. ஒனிட்சுகா டைகரில் தள்ளுபடியை எதிர்பார்க்காதீர்கள், உங்கள் அளவு கண்ணில் பட்ட முதல் கடையிலேயே வரிவிலக்கோடு வாங்கிவிடுங்கள். நம் ஆடித் தள்ளுபடி போல இங்கேயும் ஜூலையில் ஒன்று உண்டு, ஜனவரி முதல் வாரத்தில் இன்னொன்று. ஃபூஜி மலையடிவாரத்து கோதெம்பா அவுட்லெட்டுக்குப் போக வரவே பாதி நாள். அங்கே வெளிநாட்டு பிராண்டுகளே அதிகம், இதற்காக மட்டும் என்றால் நான் போகமாட்டேன்.

நான் போகச் சொல்வது பழைய துணிக் கடைகளுக்கு. செகண்ட் ஸ்ட்ரீட், ராக்டாக் என்ற கடைகளின் கிளைகள், டோக்கியோவில் ஷிமோகிதாசாவா பகுதியின் தெருக்கள். பிரபல ஆடை வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகேயின் மடிப்புத் துணியெல்லாம் அங்கே புது விலையைவிடக் குறைவான விலையில் தொங்கும். எந்த இடத்தில் கறை, எங்கே நூல் பிரிந்திருக்கிறது என்று சீட்டில் எழுதியே வைத்திருப்பார்கள். செகண்ட் ஸ்ட்ரீட்டில் பல கிளைகளில் வரிவிலக்கும் உண்டு.

என் அம்மாவை முதல்முறை கூட்டிப்போனபோது வாசலிலேயே நின்றுவிட்டாள். "யாரோ உடுத்தினதை நாம காசு குடுத்து வாங்கணுமா?" சரி, வெளியே நில் என்று நான் மட்டும் உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால், பழைய கிமோனோக்களைக் குவித்த கூடைக்கு முன்னால் அம்மா. விரலால் ஒன்றைக் கசக்கிப் பார்த்தாள், காதருகே வைத்துச் சரசரப்புக் கேட்டாள். "அசல் பட்டுடி இது. என்ன போட்டிருக்கான்?" 1,500 யென். சீட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள், அப்புறம் மூன்று எடுத்தாள். அதில் ஒன்றைக் கும்பகோணத்தில் ரவிக்கை தைக்கக் கொடுத்திருக்கிறாள். துணி பதினாலு அங்குலம்தான் அகலம், எப்படி வெட்டுவது என்று தையல்காரர் இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறாராம்.