பையன் ‘ஃப்ரட்’டில் சேரப் போகிறேன் என்கிறான், விடலாமா?

கேள்வி: டல்லாஸ் பக்கம் பத்து வருடமாக இருக்கிறோம். மகன் இந்த ஆகஸ்டில் டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் கணினி அறிவியல் சேர்ந்தான். வயது 18. மூன்றாவது வாரமே ஃபோன் செய்து, “ஒரு ஃப்ரட்டர்னிட்டியில் எனக்குப் பிட் கொடுத்திருக்கிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லணும்” என்கிறான். இந்தியப் பையன்கள் நடத்துவதுதான், பயப்பட ஒன்றுமில்லையாம். எனக்கோ குடி, ராகிங், சாவு என்று செய்தியில் பார்த்ததெல்லாம் கண்முன் வருகிறது. அவன் இன்னும் எங்களோடு, வேலை விசாவைச் சார்ந்து குடும்பத்துக்குத் தரும் எச்-4 விசாவில்தான் இருக்கிறான். என் வீட்டுக்காரர் பேச்சையே எடுக்க விடமாட்டேன் என்கிறார். நான் அவனிடம் என்ன சொல்வது? அடுத்த வருடம் அலபாமாவில் படிக்கப் போகும் என் அண்ணன் மகளும் சொராரிட்டி, சொராரிட்டி என்று இப்போதே குதிக்கிறாள். — ஒரு வாசகி

பதில்: ஃப்ரட்டர்னிட்டி, சுருக்கமாக ஃப்ரட், என்பது அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவர்கள் சேரும், கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட சங்கம். பெண்களுக்கானது சொராரிட்டி. ‘பிட்’ என்றதும் நம் ஊர்ப் பரீட்சை ஹால் நினைவுக்கு வந்திருந்தால் அதை மறந்துவிடுங்கள். இங்கே பிட் என்பது “எங்களோடு சேர்ந்துகொள்” என்ற அழைப்பு. உங்கள் மகன் இன்னும் உறுப்பினர் ஆகிவிடவில்லை. முதலில் ‘ரஷ்’: ஒருவரையொருவர் பார்த்துப் பழகும் ஒன்றிரண்டு வாரம். சாப்பாடு, பேஸ்கட்பால், பேச்சு. அது முடிந்துவிட்டது. அடுத்தது பிட். அதை ஏற்றுக்கொண்டால் ஆறு முதல் எட்டு வாரம் வரை போகும் ஒரு பயிற்சிக் காலம். மாணவர்கள் அதைப் பிளெட்ஜிங் என்பார்கள். பல்கலைக்கழகக் காகிதங்களில் ‘புதிய உறுப்பினர் காலம்’ என்று இருக்கும். கடைசியில்தான் சடங்கோடு உறுப்பினர் ஆக்குகிறார்கள். நீங்கள் பயப்படும் விஷயங்களில் பெரும்பாலானவை அந்தப் பயிற்சிக் காலத்தில்தான் நடக்கின்றன.

வீட்டுக்காரரிடம் ஒன்று சொல்லுங்கள். 18 வயது முடிந்த மகனை அமெரிக்கச் சட்டம் பெரியவன் என்றுதான் பார்க்கிறது. அவன் மதிப்பெண்ணைக்கூட அவன் அனுமதியில்லாமல் பல்கலைக்கழகம் பொதுவாக உங்களிடம் காட்டாது. “கூடாது” என்று சொன்னால் அவன் சேராமல் இருப்பான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. உங்களிடம் சொல்லாமல் சேருவான், அவ்வளவுதான். இப்போது அவனாகவே ஃபோன் செய்து சொல்லியிருக்கிறான் பாருங்கள், அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு தவறு, எல்லா ஃப்ரட்டும் ஒன்று என்று நினைப்பது. ஒரே பெயரில் நாடு முழுக்க நூறு கிளைகள் இருக்கலாம். சாப்டர் என்று சொல்வார்கள். ஒரு ஊரில் அந்தக் கிளை உட்கார்ந்து படிக்கிற கூட்டமாக இருக்கும், அடுத்த ஊரில் அதே எழுத்துகளைச் சட்டையில் போட்டுக்கொண்டு வேறு வேலை பார்க்கும். அதனால் “ஃப்ரட் நல்லதா கெட்டதா” என்ற கேள்வியை விடுங்கள். இந்தப் பல்கலைக்கழகத்தில், இந்த வருடம், இந்தச் சாப்டர் எப்படி? அதுதான் கேள்வி.

இந்தியப் பையன்கள் நடத்துவது என்பதற்கு வருகிறேன். தெற்காசிய மாணவர்களுக்கான சங்கங்கள் 1990களில் முளைத்தவை. டெல்டா எப்சிலான் சை 1998இல் ஆஸ்டினில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. பெண்களுக்கான காப்பா ஃபை காமாவும் அதே வருடம், அதே வளாகம். பீட்டா கை தீட்டா 1999, லாஸ் ஏஞ்சலஸ். ஐம்பதாயிரம் பேர் படிக்கும் ஓர் இடத்தில் தயிர்சாதம் என்றால் என்னவென்று விளக்கம் சொல்லத் தேவையில்லாத முப்பது பேர் கிடைப்பது சின்ன விஷயமில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நம்மவர் என்பதாலேயே பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். 2013 டிசம்பரில் நியூயார்க் பரூக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் ஒருவரை, ஆசிய அமெரிக்க மாணவர்களின் ஃப்ரட்டர்னிட்டி ஒன்று பென்சில்வேனியாவின் போக்கனோ மலைப் பகுதிக்கு அழைத்துப் போனது. கண்ணைக் கட்டி, முதுகில் கனமான பையை மாட்டி, இருட்டில் நடக்கவிட்டு, மோதித் தள்ளினார்கள். அவர் பிழைக்கவில்லை. செய்தவர்களும் ஆசியப் பையன்கள், செத்தவரும் ஆசியப் பையன்.

இதைத்தான் ஹேசிங் என்கிறார்கள். நீங்கள் ராகிங் என்று எழுதியிருக்கிறீர்கள். நாவரசு வழக்குக்குப் பிறகு 1997இல் தமிழ்நாடு தனிச் சட்டமே போட்டதை நம் தலைமுறை மறக்காது. ஆனால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ராகிங் நம்மைத் தேடி வரும். சீனியரைக் கண்டால் ஓடி ஒளிந்தோம். ஹேசிங்குக்குப் பையன் தானே நடந்து போகிறான், அதுவும் ஆசையாக. அதனால் அவன் வீட்டில் புகார் சொல்ல மாட்டான். “நானாகத்தானே ஒத்துக்கொண்டேன்” என்பான். டெக்சஸ் சட்டம் இதை முன்பே யோசித்து வைத்திருக்கிறது: பாதிக்கப்பட்டவர் சம்மதித்தார் என்பது அங்கே குற்றவாளிக்குத் தப்பிக்கும் வழி ஆகாது. நேரில் தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதும் குற்றம். உங்கள் மகனுக்கு இந்த இரண்டு வரியும் தெரிந்திருக்க வேண்டும்.

ஹேசிங் என்றால் அடி, உதை மட்டும் இல்லை. நான் ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் நல அலுவலகத்தில் பல வருடம் வேலை பார்த்தவன். ஓர் அக்டோபரில் முதலாண்டுப் பையன் ஒருவன், இரண்டு மிட்டெர்மில் கோட்டை விட்டுவிட்டு, எந்தப் பாடத்தைக் கைவிடலாம் என்று கேட்க வந்தான். பேசும்போதே கண் சொருகியது. பைக்குள் பேனா தேடியபோது உள்ளே இருந்ததெல்லாம் மேசைக்கு வந்தது: நான்கு சூயிங்கம் பாக்கெட், இரண்டு லைட்டர், ஒரு சிகரெட் பெட்டி, மூன்று வகை ஃபோன் சார்ஜர்.

“சிகரெட் பிடிப்பியா?”

“இல்லை சார்.”

“அப்புறம் எதுக்கு இது?”

“பிரதர்ஸ் யாராவது கேட்டா கொடுக்கணும். இல்லாட்டி மொத்தப் பேட்சுக்கும் திட்டு விழும்.”

பிரதர்ஸ் என்றால் அந்தச் சங்கத்தின் சீனியர்கள். இரவு இரண்டு மணிக்கு அவர்களில் யாராவது அழைத்தால் காரை எடுத்துக்கொண்டு பார் வாசலுக்குப் போய் அவர்களை வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். விடிந்தால் அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்க வேண்டும். அவன் மேல் யாரும் கை வைக்கவில்லை. அவனும் அதைக் கொடுமை என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அந்த செமஸ்டர் போனது போனதுதான்.

சரி, சாப்டரைப் பற்றி எப்படித் தெரிந்துகொள்வது? பெரும்பாலும் வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். ஹேசிங்குக்காகத் தண்டிக்கப்பட்ட மாணவர் அமைப்புகளின் பட்டியலை, முந்தைய மூன்று வருடத்துக்கு, டெக்சஸ் கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும் என்பது மாநிலச் சட்டம். 2024 டிசம்பரில் நாடு முழுமைக்கும் இதே போன்ற ஒரு சட்டம் வந்து, கல்லூரிகள் ஹேசிங் அறிக்கையை வெளியிடுவதைக் கட்டாயமாக்கியது. பல்கலைக்கழகப் பெயரோடு ஹேசிங் என்று சேர்த்துத் தேடினால் பக்கம் வந்துவிடும். கூடவே இன்னொரு பட்டியலையும் பாருங்கள்: அங்கீகாரம் பெற்ற சங்கங்களின் பட்டியல். தண்டனைப் பட்டியலில் பெயர் இருந்தால் விஷயம் என்னவென்று படிக்கலாம். பழைய சின்னத் தவறாகக்கூட இருக்கலாம். இரண்டு பட்டியலிலுமே பெயர் இல்லை என்றால்தான் நான் பயப்படுவேன். அங்கீகாரம் பறிபோன பிறகும் வெளியே வீடு எடுத்து, அதே பெயரிலோ வேறு பெயரிலோ நடத்துபவர்கள் உண்டு. அங்கே கேட்பார் கிடையாது.

அதே சமயம் பட்டியல் சுத்தமாக இருக்கிறது என்று தூங்கிவிடவும் முடியாது. 2017 பிப்ரவரியில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 19 வயது மாணவர் ஒருவர் இறந்த வீடு, பெயருக்கு மதுவில்லா வீடு. பிட் ஏற்ற அன்று இரவே வரிசையாகக் குடிக்க வைத்தார்கள். நிலவறைப் படிக்கட்டில் விழுந்தார். ஏறக்குறைய 12 மணி நேரம் யாரும் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. வீட்டுக் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. விழுந்தது ஒரு விபத்து என்றே வைத்துக்கொள்ளுங்கள், அந்த 12 மணி நேரத்தை என்னவென்று சொல்வது? 911ஐ அழைத்தால் மாட்டிக்கொள்வோம் என்ற பயம். டெக்சஸில் அந்தப் பயத்துக்குப் பெரிய அடிப்படை இல்லை. குடித்துவிட்டு ஆபத்தில் இருப்பவருக்காக முதலில் 911ஐ அழைத்து, அங்கேயே நின்று ஒத்துழைக்கும் 21 வயதுக்குட்பட்டவர் மேல், குடித்ததற்கான வழக்கு வராமல் பாதுகாப்பு உண்டு. வேறு எதை அவன் மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

எச்-4 விஷயத்துக்குத் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். அவன் கூட்டாளிகள் பலர் இங்கே பிறந்தவர்கள். அவர்களுக்கு ஒரு போலீஸ் கேஸ் என்பது வக்கீல் செலவு, ஒரு வருட அவமானம். இவனுக்கு அப்படி இல்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகக் கைதானாலே போதும், தண்டனை ஆகியிருக்க வேண்டியதில்லை. அமெரிக்க வெளியுறவுத் துறை விசாவை ரத்து செய்யலாம். ரத்தானாலும் உடனே நாட்டை விட்டுப் போ என்று அர்த்தமில்லை, ஆனால் அடுத்த முறை சென்னைக்குப் போனால் திரும்பி வரப் புது விசாவுக்கு நிற்க வேண்டும். இன்னொன்று, 21 முடிந்ததும் எச்-4 தகுதி போய்விடும். அதற்குள் கிரீன் கார்டு வரவில்லை என்றால் எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். அந்த நேரத்தில் பழைய கைது ஒன்று விண்ணப்பத்தில் முன்னால் வந்து நிற்கும். டெக்சஸில் 21க்குக் கீழே இருப்பவர் மூச்சில் துளி மது தெரிந்து வண்டி ஓட்டினாலே குற்றம். நடுராத்திரி டிரைவர் வேலை பிளெட்ஜ் தலையில்தான் விழும் என்பதை மேலே சொன்னேன். இரண்டையும் சேர்த்து அவனே யோசிக்கட்டும்.

பணத்தைப் பொறுத்தவரை, செமஸ்டருக்குச் சில நூறு டாலரிலிருந்து, வீடும் சாப்பாடும் சேர்ந்தால் பல ஆயிரம் வரை போகும். தெற்காசியச் சங்கங்களுக்குப் பெரும்பாலும் பெரிய மாளிகை கிடையாது, அதனால் செலவு குறைவு. சந்தா, சடங்குக் கட்டணம், சட்டை, டூர் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். எழுத்தில் தர மழுப்பினால் அதுவே ஒரு பதில்.

இவ்வளவு பயமுறுத்திவிட்டு ஆதாயத்தைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. வடகிழக்கு அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் பழைய மாணவர்களை வைத்துப் பொருளியல் ஆய்வாளர்கள் 2018 வாக்கில் ஒரு கணக்குப் போட்டார்கள். ஃப்ரட்டில் இருந்தவர்களுக்குக் கல்லூரி மதிப்பெண் 4க்கு சுமார் 0.25 புள்ளி குறைகிறது. பிற்கால வருமானம் சுமார் 36 சதவீதம் கூடுகிறது. ஒரே ஒரு கல்லூரி என்பதால் இதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனால் நான் கண்ணால் பார்த்ததற்கு இது பொருந்துகிறது. முதல் இன்டர்ன்ஷிப்புக்கு ரெஸ்யூமைத் திருத்திக் கொடுப்பதும், மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்வதும் பெரும்பாலும் மூன்று வருடம் சீனியரான ஒரு பிரதர்தான்.

அந்த ஆதாயம் மட்டும் போதும் என்றால், தொழில்முறை ஃப்ரட்டர்னிட்டிகள் இருக்கின்றன. ஆணும் பெண்ணும் சேர்ந்தே இருப்பார்கள். பொறியியலுக்குத் தீட்டா டாவ், வணிகத்துக்கு ஆல்ஃபா காப்பா சை, இரண்டுமே 1904இல் தொடங்கியவை. சேவைக்கு ஆல்ஃபா ஃபை ஒமேகா. கணினி அறிவியல் பையனுக்கு என்னைக் கேட்டால் முதலில் அங்கே எட்டிப் பார் என்பேன். அங்கேயும் அந்த இரண்டு பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

அண்ணன் மகள் கதை வேறு. சொராரிட்டிகளின் ரஷ் கல்யாண முகூர்த்தம் மாதிரி நேரம் குறித்து நடக்கும். அலபாமா பல்கலைக்கழகத்தில் ஆகஸ்டில், வகுப்பு தொடங்கும் முன்பே, 2,000க்கும் மேற்பட்ட பெண்கள் சுற்றுச் சுற்றாக வீடு வீடாகப் போவார்கள். தங்கள் வீட்டுக்குள் மது கூடாது என்று சொராரிட்டிகள் வைத்திருப்பது உண்மைதான். பார்ட்டிகள் ஃப்ரட் வீடுகளில் நடக்கும் என்பதும் உண்மை. அங்குள்ள பாரம்பரிய வெள்ளையர் சொராரிட்டிகள் கறுப்பினப் பெண்களை ஒதுக்கியதை 2013இல் மாணவர் பத்திரிகை வெளிக்கொண்டு வந்த பிறகுதான் கதவு கொஞ்சம் அகலமாகத் திறந்தது. எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி வரவேற்பு இருக்கும் என்று எதிர்பார்த்துப் போய் அழுதுகொண்டு வரக் கூடாது. கடைசிச் சுற்று முடிந்ததும் விருப்ப வரிசையை எழுதி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவார்கள். தான் எழுதிய வீடு ஒன்றிலிருந்து பிட் வந்து, அதை வேண்டாம் என்றால், அடுத்த வருட ரஷ் வரை அதே கூட்டமைப்பிலுள்ள வேறு எந்தச் சொராரிட்டியிலும் சேர முடியாது. பிடிக்காத வீட்டின் பெயரை “சும்மா இருக்கட்டும்” என்று எழுத வேண்டாம் எனச் சொல்லி வையுங்கள்.

உங்கள் மகனுக்கு வெள்ளிக்கிழமை கெடு. புதன் இரவு வீடியோ காலில் வந்து, அந்த இரண்டு பட்டியலையும் அவனே திறந்து உங்கள் இருவருக்கும் படித்துக் காட்டட்டும். வியாழக்கிழமை சாப்டரில் ஒரே கேள்வி கேட்கட்டும்: “எட்டு வாரத்தில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம், மிட்டெர்ம் வாரத்தில் என்ன?” தேதியோடு ஒரு அட்டவணையை எடுத்து நீட்டினால் சேரட்டும். “அதெல்லாம் சொல்ல முடியாது, வந்து பாரு” என்று சிரித்தால் பிட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஃப்ரட்டர்னிட்டிகளில் அடுத்த செமஸ்டரும் ரஷ் உண்டு.