பாய்கிறவனை ஃபிளாஷில் பிடிப்பது எப்படி? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் கரணமடிக்கும் ஒரு பொடியனின் படத்தைப் போட்டு, ஃபிளாஷைக் கமராவில் இருந்து கழற்றிப் பக்கத்தில் வைத்து எடுத்தது என்று அடியில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கேள்விகள்தான் இந்த முறை முழுப் பக்கமும். கலியாண வீட்டுப் படம் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணா, உங்கள் படத்தைப் பார்த்துவிட்டு நானும் என் நண்பனை மணல் மேட்டில் இருந்து கரணமடிக்க வைத்து எடுத்தேன். ஆளை அந்தரத்தில் நிறுத்த வேகம் வேண்டும் என்று ஷட்டரை 1/1000 இல் வைத்தேன். படத்தில் பெரும்பகுதி கறுப்பு, ஒரு பட்டையில் மட்டும்தான் வெளிச்சம் விழுந்திருக்கிறது. கழற்றி வைத்த ஃபிளாஷை வெட்ட வைக்கிற ட்ரிகர் பழுதா? – நிலாவெளி வாசகர்

பதில்: ட்ரிகர் நல்லாத்தான் இருக்கிறது தம்பி, கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். ஷட்டர் என்பது உங்கள் கமராவுக்குள் இருக்கிற இரண்டு திரைதான். ஒன்று திறந்துகொண்டு போகும், மற்றது பின்னால் மூடிக்கொண்டு வரும். 1/200 அல்லது 1/250 செக்கன் வரைக்கும் முதல் திரை முழுக்க விலகின பிறகுதான் இரண்டாவது கிளம்பும். அதைவிட வேகமாக வைத்தால் முதலாவது போய்ச் சேர முன்னமே இரண்டாவது புறப்பட்டுவிடும், நடுவில் ஒரு கீறல் மட்டும்தான் திறந்தபடி நகரும். ஃபிளாஷோ ஒரே ஒரு தரம்தான் வெட்டும். கோயிலில் திரை முழுக்க விலக முன் தீபத்தைக் காட்டி இறக்கிவிட்டால் பாதிச் சாமிதானே தெரியும்? உங்களுக்கு நடந்ததும் அதுதான்.

சரி, 1/250 இல் வைத்தால் கரணமடிக்கிறவன் கலங்கிப்போக மாட்டானா என்று கேட்பீர்கள். வெயில் அவன்மேல் விழுந்தால் கலங்குவான். இருட்டில், அவன்மேல் விழும் ஒரே வெளிச்சம் உங்கள் ஃபிளாஷ்தான் என்றால் கலங்கமாட்டான், ஏனென்றால் ஷட்டர் அங்கே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா நிற்கிறது, படத்தை எடுப்பது ஃபிளாஷ் எரிகிற அந்தக் கொஞ்ச நேரம். அது எவ்வளவு கொஞ்சம் என்று பாருங்கள். நிக்கோன் எஸ்பி-800 என்ற பழைய ஃபிளாஷின் கைநூலில் போட்டிருக்கும் கணக்கு இது: முழுப் பவரில் 1/1050 செக்கன், கால் பவரில் 1/2700, 1/16 பவரில் 1/10900, 1/64 பவரில் 1/32300. பவரைக் குறைக்கக் குறைக்க வெளிச்சத்தின் பலம் குறைவதாகத்தான் எல்லோரும் நினைக்கிறோம், உண்மையில் அது எரிகிற நேரம்தான் குறைகிறது. முழுப் பவரில் வெளிச்சம் உச்சிக்குப் போய் மெல்ல இறங்கும், அந்த வால் பகுதிதான் கை கால் நுனிகளைக் கலக்குகிறது. (இது கமராவில் மாட்டுகிற சின்ன ஃபிளாஷுக்கான கதை. பழைய ஸ்டூடியோ லைட்டுகள் சிலவற்றில் பவரைக் குறைத்தால் நேரம் கூடும், அதுகளைக் கொண்டுவந்து ஏமாந்து போகாதீர்கள்.)

ஆகவே செய்யவேண்டியது நீங்கள் செய்ததற்கு நேர் எதிர். ஷட்டரை 1/250 இல் விட்டுவிட்டு ஃபிளாஷை 1/16 க்கு இறக்குங்கள், ஆளுக்குக் கிட்டக் கொண்டுபோங்கள். உங்கள் ஃபிளாஷின் கைட் நம்பர், அதாவது வெளிச்சம் எட்டுகிற தூரத்தைக் கணக்குப் பார்க்கிற எண், ஐஎஸ்ஓ (கமரா வெளிச்சத்தை உணர்கிற அளவு) 100 இல் மீற்றர் கணக்கில் 40 என்று வைத்துக்கொள்வோம். 1/16 பவரில் அது 10 ஆகும் (வெளிச்சத்தின் வர்க்கமூலப்படிதான் இந்த எண் மாறும்). ஐஎஸ்ஓவை 400 ஆக்கினால் 20. லென்ஸின் திறப்பு எஃப் 4 என்றால், அந்த 4 ஆல் வகுத்தால் ஐந்து மீற்றர். ஐந்து மீற்றர் தூரத்தில் இருந்து பத்தாயிரத்தில் ஒரு பங்கு செக்கனுக்கு வெளிச்சம் அடிக்கலாம் என்றால் வேறென்ன வேண்டும்?

நேரம்தான் முக்கியம். எங்கட கடல் கிழக்கே இருக்கிறது, சூரியன் ஊருக்குப் பின்னால் போய் விழுகிறது. அதனால் கொழும்புப் பக்கத்துக் கடற்கரையில் பின்னேரம் படமெடுக்கிறவருக்கு இருக்கிற கண்கூச்சம் எங்களுக்கு இல்லை, சூரியன் மறைந்து ஒரு கால் மணித்தியாலத்தில் கடல் பக்கத்து வானம் ஒரே சீராக மைநீலம் பிடித்துவிடும். அப்போது ஃபிளாஷை அணைத்துவிட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். வானம் மங்கலாகவும் ஆள் வெறும் நிழலாகவும் வந்தால் நேரம் வந்துவிட்டது. ஆள் துலக்கமாகத் தெரிந்தால் இன்னும் பத்து நிமிடம் பொறுங்கள், அதற்குள் ஒரு பிளேன்டீ குடிக்கலாம்.

பிறகு இடம். அவன் எங்கே கரணமடிப்பானோ அந்த மணலில் ஒரு செருப்பை வைத்து, அதில் ஃபோகஸ் பண்ணி, லென்ஸை மனுவலுக்கு மாற்றிவிட்டுச் செருப்பை எடுத்துவிடுங்கள். ஃபிளாஷை அவனுக்கு ஒரு பக்கமாகவும் கொஞ்சம் பின்னாலும் வையுங்கள், நேர் முன்னால் வேண்டாம். நீங்கள் மணலில் முழங்கால் குத்துங்கள். மெஷின் கன் மாதிரிச் சுடாமல் ஒரு பாய்ச்சலுக்கு ஒரே ஒரு படம், அவன் உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்க முன் வருகிற அந்த ஒரு கணத்தில். போன இதழ்ப் படத்தை இன்னொரு தரம் பாருங்கள், பொடியனின் குதிகாலில் இருந்து பிரிந்த மணல் ஒவ்வொன்றும் தனித்தனியாக, யாரோ கல்லுப்பை அள்ளி எறிந்தது போல அந்தரத்தில் நிற்கும். அது எனக்குப் பதினெட்டாவது பாய்ச்சலில்தான் கிடைத்தது, பொடியன் அதற்குள் இரண்டு ரோல்ஸ் கேட்டு வாங்கிவிட்டான்.

கேள்வி: ஹை ஸ்பீட் சிங்க் என்று ஒரு வசதி என் ஃபிளாஷில் இருக்கிறதே, அதைப் போட்டால் மத்தியான வெயிலிலும் 1/2000 இல் எடுக்கலாமே? – சாம்பல்தீவு வாசகர்

பதில்: எடுக்கலாம், கறுப்புப் பட்டை வராது. ஆனால் அந்த முறையில் ஃபிளாஷ் ஒரே வெட்டாக வெட்டாமல் கீறல் நகர்ந்து முடியும்வரை துடித்துத் துடித்து எரிந்துகொண்டிருக்கும், அதில் வெளிச்சம் நாலில் ஒரு பங்குக்கு, பல வேளை அதற்கும் கீழே இறங்கிவிடும். ஆளை நிறுத்துவதும் அப்போது ஃபிளாஷ் இல்லை, ஷட்டர்தான். மத்தியானம் எங்கட வெயிலுக்கு ஐஎஸ்ஓ 200, எஃப் 5.6, 1/1600 என்று ஃபிளாஷே இல்லாமல் வைக்கலாம், வெயிலே ஆளை நிறுத்தும். தொப்பிக்குக் கீழே முகம் இருண்டிருந்தால் அதைக் கொஞ்சம் தூக்க ஒன்றரை இரண்டு மீற்றரில் இருந்து ஹை ஸ்பீட் சிங்க் உதவும். அதற்கு மேலே எதிர்பார்த்தால் பற்றரி சூடாவதுதான் மிச்சம்.

கேள்வி: இரவில் விளக்குப் போட்டு நடக்கிற கபடிப் போட்டிக்கு மைதானத்தின் மூலைகளில் இரண்டு ஃபிளாஷ் வைக்கலாமா? – பாலையூற்று வாசகி

பதில்: முதலில் நடுவரிடம் கேளுங்கள் தங்கச்சி. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஜிம்னாஸ்டிக்ஸில் சர்வதேசப் போட்டிகளில் ஃபிளாஷுக்குத் தடையே இருக்கிறது, அந்தரத்தில் திரும்புகிறவரின் கண்ணில் மின்னினால் கழுத்து முறியும். கபடியிலும் மூச்சுப் பிடித்துப் பாடிக்கொண்டு போகிறவருக்கு இருப்பது முப்பது செக்கன், எதிரே ஏழு பேர், அதற்குள் உங்கள் வெளிச்சமும் சேர்ந்து ஒரு எதிரியாக வேண்டுமா? போட்டிக்குப் போகாதீர்கள், பயிற்சிக்குப் போங்கள். வீரர்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள், ஃபிளாஷைத் தலைக்கு மேலே உயர்த்தி, பாடிப்போகிறவரின் முதுகுப் பக்கமாக வையுங்கள்.

இன்னொன்று. விளக்கு வெளிச்சம் பலமாக இருந்தால் ஃபிளாஷ் பிடித்த கூரான உருவமும் விளக்கு பிடித்த கலங்கல் உருவமும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து ஆளுக்குப் பேய் பிடித்தது போல வரும். ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கிற படம் சரியான வெளிச்சத்தைவிட மூன்று ஸ்டொப்பாவது (ஒரு ஸ்டொப் குறைந்தால் வெளிச்சம் பாதி) இருண்டு வரவேண்டும், அப்போதுதான் பேய் போகும்.

கேள்வி: மெக்கெய்சர் மைதானத்தில் கால்பந்துக்கு? – திருகோணமலை நகர் வாசகர்

பதில்: தேவையில்லை. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்று. ஃபிளாஷில் இருந்து ஐந்து மீற்றரில் நின்றவர் பந்தோடு இருபது மீற்றருக்கு ஓடினால் பதினாறில் ஒரு பங்கு வெளிச்சம்தான் அவருக்குக் கிடைக்கும், எந்தக் கணக்கில் கமராவை வைப்பது? அமெரிக்காவில் கூடைப்பந்து அரங்குகளில் ஃபிளாஷ்களைக் கூரையில் கட்டித் தொங்க விடுவதும் இதற்காகத்தான், அந்த உயரத்தில் இருந்து பார்த்தால் ஆட்டக்காரர் எங்கே நின்றாலும் தூரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். எங்களுக்குக் கூரையும் இல்லை, அவ்வளவு ஃபிளாஷும் இல்லை. கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒன்றை வைத்து, பயிற்சியில் கோல்காப்பாளர் பாய்வதை மட்டும் எடுக்கலாம், அது நல்லா வரும்.

கேள்வி: ஸ்டாண்டில் வெள்ளைக் குடை பிடித்து ஃபிளாஷ் வைத்தேன், காற்றில் நிற்கவே இல்லை. என்ன செய்யலாம்? – உப்புவெளி வாசகர்

பதில்: வைகாசி ஆனியில் வைத்தீர்களா? தென்மேற்கில் இருந்து அடிக்கிற கச்சான் காற்றில் குடை என்பது ஃபிளாஷுக்கு நீங்கள் கட்டிக்கொடுக்கிற பாய்மரம். எனக்கும் இந்த அனுபவம் இருக்கிறது. காற்று தரைப் பக்கம் இருந்து வந்தது, ஸ்டாண்ட் கடல் பக்கம் விழுந்தது, நான் ஓடிப்போய்ப் பிடிக்க முன் ஒரு அலை வந்து ஃபிளாஷை வடிவாகக் குளிப்பாட்டிவிட்டுப் போனது. காயவைத்தேன், திறந்து பார்த்தேன், உள்ளே பச்சை பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

குடையை வீட்டில் விடுங்கள். மெத்தென்ற வெளிச்சம் மணப்பெண்ணுக்கு, பாய்கிறவனுக்கு வெறும் ஃபிளாஷின் கடின வெளிச்சம்தான் தசையையும் வியர்வையையும் தண்ணீர்த் துளியையும் வெட்டிக் காட்டும். ஒரு உரப்பை கொண்டுபோய் அங்கேயே மணலை நிரப்பி ஸ்டாண்டின் காலில் கட்டுங்கள், பாரத்துக்குக் காசு இல்லை. அதைவிட நல்லது ஒரு தம்பியைப் பிடித்து ஃபிளாஷைக் கையில் கொடுப்பது, அவன் ஆளைத் தொடர்ந்து திருப்புவான், அலை வந்தால் ஓடியும் வருவான். உப்புக் காற்றுக்கு ஃபிளாஷின் மேல் மெல்லிய சொப்பிங் பை ஒன்றைப் போட்டு ரப்பர் வளையம் இடுங்கள், வெட்டுகிற முகத்தை மட்டும் மூடவேண்டாம், தொடர்ந்து அடித்தால் பை உருகி ஒட்டும்.

கேள்வி: இரவில் சைக்கிள் ஓட்டுகிறவரைக் கிண்ணியாப் பாலத்தில் எடுத்தேன். வெளிச்சக் கோடுகள் சைக்கிளுக்குப் பின்னால் வராமல் முன்னால் போகின்றன. – கிண்ணியா வாசகர்

பதில்: ஷட்டர் திறந்தவுடனே ஃபிளாஷ் வெட்டிவிட்டது, அதற்குப் பிறகு அவர் முன்னால் ஓடிய தூரம் கோடாகிவிட்டது. கமராவில் ரியர் கர்ட்டன் என்று இருக்கும், அதைப் போட்டால் ஷட்டர் மூடப் போகும் கடைசி நேரத்தில் ஃபிளாஷ் வெட்டும், கோடு பின்னால் வரும். 1/15 செக்கனில் இருந்து தொடங்கி, சைக்கிளோடு சேர்த்துக் கமராவையும் திருப்பிக்கொண்டு எடுங்கள். எல்லா ட்ரிகரும் இதை ஏற்காது, வாங்க முன் கேளுங்கள். ஆனால் பாலத்தில் வேண்டாம் ஐயா. 396 மீற்றர் நீளத்துக்கு லொறியும் ஆட்டோவும் வந்துகொண்டிருக்கும் இடத்தில் ஓட்டுநரின் கண்ணில் வெளிச்சம் அடிப்பது படப்பிடிப்பு இல்லை. ஆளில்லாத மைதானத்தில் எடுங்கள்.

கேள்வி: புதுக் கமராக்களில் இந்த 1/250 தொல்லையே இல்லையாமே? – மூதூர் வாசகர்

பதில்: சோனி ஏ9 III என்று 2023 இல் அறிவித்தார்கள், திரையே இல்லாமல் முழு சென்சாரையும் ஒரே நேரத்தில் படிக்கிற கமரா, 1/80000 வரை ஃபிளாஷோடு ஒத்துப்போகும். விலையைப் பார்த்துவிட்டு நான் கடைக்காரருக்கு வணக்கம் சொல்லி வெளியே வந்தேன். அதிலும் மிக வேகமாக வைத்தால் ஃபிளாஷ் எரிந்து முடிய முன்னமே கமரா மூடிவிடும், வெளிச்சத்தில் ஒரு பகுதி வீண். ஃபிளாஷ் படங்களின் முன்னோடியான அமெரிக்கப் பொறியாளர் ஹரோல்ட் எட்ஜர்டன் பால் துளி தெறித்துக் கிரீடம் போல எழும்புவதை 1957 இல் நிறத்தில் எடுத்தபோது இந்தச் சென்சார் எல்லாம் இருக்கவில்லை, இருட்டும் மிகச் சின்ன மின்னலும்தான் இருந்தன. உங்களிடம் இருக்கிற கமராவுக்கு ஒரு மனுவல் ஃபிளாஷ், ஒரு ட்ரிகர், எட்டு ரீசார்ஜ் பற்றரி போதும். தாத்தாவின் அலமாரியில் கிடக்கிற பழைய ஃபிளாஷை மட்டும் சோதிக்காமல் மாட்டாதீர்கள், சிலதில் கமராவைத் தொடுகிற முனையில் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், கமராவின் உயிரை எடுத்துவிடும்.

கேள்வி: பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்கள் தாவும்போது இதே முறையில் எடுக்கலாமா? – பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: வேண்டாம். கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் ஆளுக்குக் கிட்ட வந்து வாழைப்பழம் கேட்கிற மான்கள் அவை, ஒரு தரம் கண்ணில் மின்னினால் அடுத்த நாள் உங்களைக் கண்டாலே ஓடும். காலை ஏழு மணிக்குப் போங்கள், வெயில் சாய்ந்து விழும், 1/1000 தாராளமாகக் கிடைக்கும்.